'தி ஆபீஸ்': மைக்கேல் போன பிறகும் பார்க்கலாமா?

பானு:

வணக்கம். அமெரிக்க 'தி ஆபீஸ்' தொடரை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன். டண்டர் மிஃப்லின் என்ற காகிதக் கம்பெனியின் கிளை அலுவலகத்தை ஒரு ஆவணப்படக் குழு படம்பிடிப்பது போல எடுத்த நகைச்சுவைத் தொடர் அது. முதல் சீசனின் ஆறு எபிசோடிலும் கிளை மேலாளர் மைக்கேல் ஸ்காட்டைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது. இரண்டாவதில் மனிதர் மனதில் ஒட்டிக்கொண்டார், அப்புறம் நிறுத்தவே முடியவில்லை. இப்போது ஆறாவது சீசனில் இருக்கிறேன். அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜிம்மும் பாமும் நயாகராவில் கல்யாணம் செய்துகொண்டது வரை சந்தோஷமாகப் பார்த்தேன். அதற்குப் பிறகு ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறது. மைக்கேலாக நடிக்கும் ஸ்டீவ் கரெல் ஏழாவதில் விலகிவிடுவார் என்று தெரியும். அவர் இருக்கும்போதே ஏன் இப்படி? ஒன்பது சீசனும் பார்த்தவர்கள் சொல்லுங்கள், எதுவரை பார்க்கலாம்? கதையைச் சொன்னாலும் பரவாயில்லை.

ரவி:

ஏழாவது சீசனில் 'குட்பை, மைக்கேல்' வரை பாருங்கள். அதோடு விட்டுவிட்டு நேராகக் கடைசி எபிசோடுக்குப் போய்விடுங்கள். எட்டாவது வேண்டவே வேண்டாம்.

செல்வம்:

பானு, உங்களுக்குத் தோன்றுவது சரிதான். கரெல் போனதால்தான் தொடர் கெட்டது என்று பலரும் சொல்வார்கள். அவர் விடைபெற்றது 2011 ஏப்ரலில். சரிவு அதற்கு ஒரு வருடத்துக்கும் மேலாக முன்பே, ஆறாவது சீசனிலேயே தொடங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

அந்த அலுவலகத்தில் வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தவரை தொடர் நன்றாக இருந்தது. நானும் ஒரு கிளை அலுவலகத்தில் விற்பனை பார்க்கிறவன். மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தால் எல்லோர் பேச்சும் எப்படி அடங்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது சீசனின் ஹாலோவீன் எபிசோடை இன்னொரு தடவை பாருங்கள். மாதம் முடிவதற்குள் ஒருவரை வேலையை விட்டு அனுப்பியாக வேண்டும். மைக்கேல் தோளில் இன்னொரு தலையை வைத்துக் கட்டிய வேஷத்தோடு நாள் முழுக்க அதைத் தள்ளிப்போடுகிறார். கடைசியில் க்ரீட் என்ற ஊழியரை அனுப்பப் பார்க்கிறார். க்ரீட் பேசிப் பேசியே அவர் மனதை மாற்ற, டெவனுக்கு வேலை போகிறது. டெவன் போகிற போக்கில் மைக்கேலின் காரில் பூசணிக்காயைப் போட்டு உடைக்கிறார். இரவில் மைக்கேல் வீட்டில் தனியாக இருக்கும்போது பிள்ளைகள் மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். அப்போது அவர் முகம் மலர்கிறதே, அந்தப் பாத்திரம் முழுசாக உருவானது அங்கேதான். முதல் சீசனில் இது கிடையாது. முதல் எபிசோடே பிரிட்டிஷ் மூலத்தை ஏறக்குறைய அப்படியே எடுத்ததுதான். அந்தக் கடுமையான முதலாளியை வைத்து அமெரிக்காவில் நெடுநாள் ஓட்ட முடியாது என்பதை அமெரிக்கத் தொடரை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ் சீக்கிரமே புரிந்துகொண்டு, மைக்கேலின் தனிமையை வெளியே கொண்டுவந்தார்.

என்னைக் கேட்டால் தொடரின் உச்சம் நான்காவது சீசனின் 'டின்னர் பார்ட்டி'. எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தால் 2007 நவம்பருக்குப் பிறகு புது எபிசோடே வரவில்லை. 2008 ஏப்ரலில் திரும்பி வந்தபோது முதலில் வந்தது இதுதான். சின்ன பிளாஸ்மா டிவியை ஜிம்முக்கும் பாமுக்கும் காட்டி, சுவரோடு ஒட்டித் தள்ளியும் வைக்கலாம் என்று மைக்கேல் அதைத் தள்ளிக் காட்டுகிறார். எவ்வளவு பெருமை அந்த முகத்தில்! தூங்குவதோ கட்டிலின் கால்மாட்டில் போட்ட பெஞ்சில். அந்த வீட்டில் அவருக்கென்று இருப்பது அந்த டிவி மட்டும்தான். கூடவே வசிக்கும் காதலி ஜான் அதன்மேல் விருதுக் கோப்பையை வீசி உடைக்கும்போது எனக்கு ஒவ்வொரு தடவையும் வயிற்றைப் பிசைகிறது.

ஐந்தாவதிலிருந்து பொறுப்பு பால் லீபர்ஸ்டீனுக்கும் ஜெனிஃபர் செலோட்டாவுக்கும் போனது. டேனியல்ஸ் 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' பக்கம் திரும்பினார். ஆனாலும் ஐந்தாவது பிரமாதமாக இருந்தது, ஏனென்றால் பயம் இன்னும் இருந்தது. மைக்கேல் சொந்தமாகக் காகிதக் கம்பெனி தொடங்குகிற பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுப்படியாகாத விலைக்கு விற்று நஷ்டத்தில் மூழ்கிக்கொண்டிருக்கிறார்கள், அது எதிர்த்தரப்புக்குத் தெரியாது. டண்டர் மிஃப்லினின் தலைமை நிதி அதிகாரி டேவிட் வாலஸ் பணம் தருகிறேன் என்கிறார். மைக்கேலோ, பங்குதாரர் கூட்டம் வருகிறது, உங்கள் நாற்காலி நிலைக்குமா என்று பார்க்கலாம், எனக்கு அவசரமில்லை என்கிற தோரணையில் பேசி, மூன்று பேருக்கும் வேலை வாங்கிவிடுகிறார். பேரம் பேசிப் பழகியவர்களுக்குத் தெரியும், அந்தக் காட்சியில் ஒரு வார்த்தைகூட வீண் இல்லை.

ஆறாவதில் சேபர் கம்பெனி வந்து டண்டர் மிஃப்லினை வாங்கிவிடுகிறது. அப்புறம் கிளை மூடுமா என்ற கேள்வி மெல்ல மறைந்துவிடுகிறது. ஜிம்முக்கும் பாமுக்கும் கல்யாணமாகி, குழந்தையும் பிறந்துவிட்டது. பிடிக்காத வேலையில் மாட்டிக்கொண்ட சலிப்பில்தான் ஜிம் அவ்வளவு குறும்பு செய்தான். அந்தச் சலிப்பு போனபின் குறும்பு வெறும் குறும்பாக நின்றுவிட்டது. வருடத்துக்கு இருபதுக்கும் மேல் எபிசோட் என்றால் எதையாவது வைத்து நிரப்பித்தானே ஆக வேண்டும்? பிரிட்டிஷ் தொடர் 12 எபிசோடும் ஒரு கிறிஸ்துமஸ் சிறப்பும் எடுத்து 2003-லேயே நிறுத்திக்கொண்டது.

கணக்காளர் கெவினைப் பார்த்தாலே இந்த மாற்றம் தெரிந்துவிடும். இரண்டாவது சீசனில் அவர் உலகப் போக்கர் போட்டி ஒன்றில் ஜெயித்தவர், டிரம்ஸ் வாசிப்பவர், மந்தமாகப் பேசினாலும் காரியத்தில் கெட்டி. கடைசி எபிசோடுக்கு வரும்போது, கணக்கு நேராகாத இடத்தை அடைக்க 'கெலவன்' என்று தானாக ஒரு எண்ணைக் கண்டுபிடித்தவராக ஆகிவிடுகிறார். சிரிக்கலாம்தான். ஆனால் அப்படி ஒரு கணக்காளர் எந்த ஆபீஸிலும் இத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்.

எட்டாவதில் ஜேம்ஸ் ஸ்பேடர் மேலாளர் வேலைக்கு எடுக்கப்பட்டு, உடனே ஃப்ளோரிடா போய், பேசியே சேபர் முதலாளியம்மாவின் பதவியை வாங்கிவிடுகிறார். அவர் நல்ல நடிகர். ஆனால் இதை நம்பச் சொன்னால் நம்ப முடியவில்லை.

ஒன்பதாவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். டேனியல்ஸ் திரும்பி வந்துவிட்டார். ஜிம் ஃபிலடெல்பியாவில் புதுத் தொழிலில் திண்டாடுகிறான். மகளின் நடன நிகழ்ச்சியை போனில் பதிவு செய்யத் தவறிய பாமிடம் தொலைபேசியில் சிடுசிடுக்கிறான். போனை வைத்தபின் பாம் அழுகிறாள், ஒலிப்பதிவுக்காரர் வந்து ஆறுதல் சொல்கிறார். இத்தனை வருடம் கேமராவுக்குப் பின்னால் இருந்த ஒரு ஆள் முதல்முறையாகச் சட்டகத்துக்குள் வருகிறார். பிழைப்பு மறுபடியும் அவர்களை நெருக்க ஆரம்பித்ததும் தொடருக்கு உயிர் திரும்பிவிட்டது.

ஜெனி:

செல்வம் சார், நிறைய ஒத்துப்போகிறேன். ஆனால் எட்டாவதை இப்படி இரண்டு வரியில் தள்ளலாமா? முதல் எபிசோட் 'தி லிஸ்ட்' நன்றாகத்தானே இருந்தது! ஊழியர்களை வென்றவர், தோற்றவர் என்று பட்டியல் போட்டுவைத்த முதலாளியிடம் புது மேலாளர் ஆண்டி போய்த் தன் ஆட்களுக்காகப் பேசுவார். நீங்கள் சொல்கிற பயம் அதில் இருக்கிறது. ஃப்ளோரிடா போனதும் விற்பனையாளர் ஸ்டான்லி புது மனிதராக மாறுவதும் எனக்குப் பிடிக்கும். ஆறாவதில் 'ஸ்காட்ஸ் டாட்ஸ்' இருக்கிறது. கல்லூரிச் செலவை ஏற்கிறேன் என்று சின்னப் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்த மைக்கேல், பத்து வருடம் கழித்து லேப்டாப் பேட்டரியோடு அவர்கள் முன் நிற்கிறார். அதைவிட வலிக்கிற எபிசோட் இந்தத் தொடரில் எது?

செல்வம்:

'தி லிஸ்ட்' நல்ல எபிசோட்தான் ஜெனி. என் வருத்தமே அதுதான். பட்டியலைப் பார்த்து நடுங்கியவர்கள் அடுத்த வாரமே எல்லாம் மறந்து விளையாடுகிறார்கள். இரண்டாவது சீசனில் ஒரு மிரட்டல் பல எபிசோடுக்குக் கூடவே வரும். 'ஸ்காட்ஸ் டாட்ஸ்' பற்றி மறுப்பேயில்லை.

பானு, ஆறாவதில் சலித்தால் தாண்டிப் போங்கள். ஏழாவதில் 'திரெட் லெவல் மிட்நைட்', 'கராஜ் சேல்', 'குட்பை, மைக்கேல்' மூன்றும் கட்டாயம். கடைசியாகச் சொன்னதில் விமான நிலையத்தில் மைக்கேல் மைக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறார். பாம் ஓடிவந்து பேசுவது நமக்குக் கேட்காது. அந்த இடத்தில் ஒலியைக் கூட்டிப் பார்த்துப் பயனில்லை.

பானு:

இன்று ராத்திரி 'ஸ்காட்ஸ் டாட்ஸ்'. எட்டாவதில் 'தி லிஸ்ட்' மட்டும் பார்த்துவிட்டு ஒன்பதுக்குத் தாவினால் கதை புரியுமா?

ஜெனி:

புரியும். மேலாளர் நாற்காலியில் ஆண்டி இருக்கிறார் என்பது தெரிந்தால் போதும். ஒன்பதாவதில் அவர் நடுவில் படகேறிக் காணாமல் போவார், ஆண்டியாக நடித்த எட் ஹெல்ம்ஸ் அப்போது 'ஹேங்ஓவர்' மூன்றாம் பாகத்தில் நடிக்கப் போயிருந்தார்.