சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள அம்மாவை எவ்வளவு நடக்க விடலாம்?

மஞ்சக்குப்பம் மகள்:
அம்மாவுக்கு 61 வயது. பீடி வாடையே ஆகாது, ஆனால் பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை வறுக்கிற இடத்தில் பல வருஷ வேலை, வீட்டிலும் விறகடுப்பு. குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு சிஓபிடி என்றார்கள். இன்ஹேலர் ஒழுங்காக எடுக்கிறார். மூச்சு வாங்குகிறதே என்று எல்லா வேலையையும் நாங்களே வாங்கிக்கொண்டோம், இப்போது கட்டிலை விட்டால் டிவி, கொல்லைப்பக்கம் போய்வந்தாலே இளைக்கிறது. டாக்டர் "நடக்கச் சொல்லுங்க" என்றதோடு சரி. இளைத்தால் நிறுத்துவதா, தொடர்வதா?

பிசியோ, புதுச்சேரி:
கொஞ்சம் இளைக்கத்தான் வேண்டும். சும்மா உட்கார்ந்தால் கால் சதை கரையும், கரைந்த சதையை வைத்து அதே தூரம் நடக்க இன்னும் அதிகமாக மூச்சு வாங்கும், அதற்குப் பயந்து இன்னும் உட்காருவார்கள். இளைப்புக்கு 10க்கு எத்தனை மார்க் என்று கேளுங்கள். 3, 4 என்றால் தொடரலாம், அதாவது பேச முடியும், பாட முடியாது. நெஞ்சுவலி, தலைசுற்றல், உதடு நீலம், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் அளவு 88க்குக் கீழே, இதில் எது வந்தாலும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். மூக்கால் இழுத்து, சூடான காப்பியை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் விடச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் இரண்டு நிமிஷ நடை போதும், அப்புறம் உட்காரட்டும், மறுபடி நடக்கட்டும்.

முத்தியால்பேட்டை தாத்தா:
எனக்கும் இதே நோய்தான்மா, சிகரெட் உபயம். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலம் 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டி விடமாட்டார்கள், மேடு பள்ளமில்லை, அங்கேதான் நடக்கிறேன். நுரையீரல் நோயாளிகளுக்கென்று நடத்துகிற பயிற்சிக்கும் போனேன். ஆறு நிமிஷ நடையில் தூரம் நன்றாகவே கூடியது, ஆனால் வீட்டுக்கு வந்தால் பழையபடி சாய்வு நாற்காலிதான். பயிற்சி காலுக்குப் பலம் தரும், நாள் முழுக்க நம்மை எழுப்பிவிடுமா என்ன! பேத்தி போனில் காலடி எண்ணிக்கை காட்டும் ஆப் போட்டுக் கொடுத்த பிறகுதான் எழுந்து நடமாடுகிறேன். அம்மாவிடம் வேலையைத் திருப்பிக் கொடுங்கள். பூ கட்டுவது, கீரை ஆய்வது, செடிக்குத் தண்ணீர். கொடியில் துணி போடுவது மட்டும் வேண்டாம், கையைத் தலைக்கு மேல் தூக்கினால் எனக்கே மூச்சு நின்றுவிடும் போல இருக்கும்.

பிசியோ, புதுச்சேரி:
தாத்தா சொல்வது சரி, கை தூக்கும்போது மூச்சுக்கு உதவுகிற தோள் சதைகளுக்கு இரட்டை வேலை. கொடியை இடுப்பு உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள், துணியும் அவரே போடட்டும். போகி அன்றைக்கும் பனி கொட்டுகிற காலையிலும் வீட்டுக்குள் நடந்தால் போதும்.

மஞ்சக்குப்பம் மகள்:
இதைப் படித்துக் காட்டினேன், உடனே உழவர் சந்தைக்கு வருகிறேன் என்கிறார். அழைத்துப் போகவா?

பிசியோ, புதுச்சேரி:
தாராளமாக. வெயிலுக்கு முன்னால் போங்கள், இன்ஹேலரை மறக்காதீர்கள், காய்கறிப் பையை நீங்கள் தூக்குங்கள். பேரம் அவர் பேசட்டும்.