மலிவு விலைக் குடியிருப்புக்குப் பக்கத்தில் வீடு வாங்கலாமா? எதையெல்லாம் சோதிக்க வேண்டும்?

வாசல்படி (கேள்வி)

குடும்பத்தோடு நெடுநாள் இருக்க ஒரு தனிவீடு பார்த்திருக்கிறோம். வீடு பிடித்திருக்கிறது, விலையும் கட்டுப்படியாகிறது. தெருக்கோடியில், சுமார் 150 மீட்டரில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. 200 ஃப்ளாட்டுக்கு மேல். சொந்தக்காரர்கள் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். காரணம் கேட்டால் யாரும் உருப்படியாகச் சொல்வதில்லை. அங்கே இருப்பவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள்தானே, வருமானத்தை வைத்து ஆளை எடைபோட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இருபது வருடக் கடன் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவும் முடியாது. பாதுகாப்பு, பள்ளி, பிறகு விற்கும்போது கிடைக்கும் விலை, இந்த மூன்றையும் எப்படிச் சோதிப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செங்கல்

அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று துருவுவதை விட்டுவிட்டு இரண்டு விஷயங்களைத் தேடுங்கள். அந்த நிலம் ஏன் மலிவாகக் கிடைத்தது? அந்தக் கட்டடத்தின் பராமரிப்பு யார் கையில் இருக்கிறது?

நிலத்திலிருந்து தொடங்குகிறேன், பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் அதுதான். குறைந்த விலைக் குடியிருப்புகளைப் பல நேரம் நிலம் மலிவாக உள்ள இடத்தில்தான் கட்டுவார்கள். தாழ்வான நிலம், பழைய குப்பைமேடு, மூடிய தொழிற்சாலை மனை, நெடுஞ்சாலை அல்லது ரயில் பாதை ஓரம் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கலாம். அப்படி இருந்தால், 150 மீட்டரில் இருக்கும் உங்கள் வீட்டுக்கும் அதே காரணம் பொருந்த வாய்ப்பு அதிகம். பழைய நிலப் பயன்பாட்டு வரைபடத்தையும் வெள்ள அபாய வரைபடத்தையும் எடுத்துப் பாருங்கள். நேரில் போகும்போது தரைத்தளச் சுவரில் நீர்க்கறைக் கோடு இருக்கிறதா, கதவுகளின் அடிப்பகுதி உப்பியிருக்கிறதா, மின் மீட்டர் பெட்டிகளைப் பிற்பாடு மேலே தூக்கி மாட்டியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். மீட்டரைக் காரணமில்லாமல் யாரும் இடம் மாற்ற மாட்டார்கள். பெருமழை பெய்த மறுநாள் காலை ஒருமுறை கட்டாயம் போய்ப் பாருங்கள்.

அடுத்தது தண்ணீரும் கழிவுநீரும். 200 வீடுகள் ஒரே குழாயில் இணைந்திருந்தால் காலை 6 முதல் 8 வரை அழுத்தம் குறையக்கூடும். அந்த நேரத்தில் 10 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் நல்லது. இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் தொட்டியும் மோட்டாரும் உங்கள் செலவுக் கணக்கில் சேரும். இதை மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் அளந்து பயனில்லை, அது தெருக்குழாயின் அழுத்தத்தைக் காட்டாது. தண்ணீர் மீட்டரை அடுத்துள்ள குழாயில் அளக்க வேண்டும். உங்கள் தரைத்தளக் கழிப்பறை, தெருவில் உள்ள மேன்ஹோல் மூடியைவிடத் தாழ்வாக இருந்தால் அடைப்பு வரும் நாளில் கழிவுநீர் உங்கள் வீட்டுக்குள்தான் ஏறும். பின்னோட்டத் தடுப்பு வால்வு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதைப் பொருத்தும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

பராமரிப்பைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒருநாள் மாலை அந்த வளாகத்தைச் சுற்றி நடந்து எரியாத விளக்கு, உடைந்த சாக்கடை மூடி, நிற்கும் லிஃப்ட், நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 15 நாள் கழித்து அதே பட்டியலோடு போங்கள். சரிசெய்திருந்தால் நிர்வாகம் இயங்குகிறது என்று அர்த்தம். எல்லாம் அப்படியே கிடந்தால், இன்னும் பத்து ஆண்டில் கட்டடம் எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்தே யோசியுங்கள். கட்டி 20 ஆண்டு ஆகும்போது லிஃப்ட், பம்பு, குழாய், மொட்டைமாடி நீர்க்கசிவு எல்லாம் ஏறத்தாழ ஒன்றாக வந்து நிற்கும். அதற்கென்று தனி நிதி ஒதுக்கி வைத்திருக்கிறார்களா என்று நிர்வாக அலுவலகத்திலேயே கேட்கலாம்.

அளவுகோல்

செங்கல் சொன்னதோடு எண்கள் பக்கத்தையும் சேர்க்கிறேன்.

குற்றப் புள்ளிவிவரத்தில் மொத்த எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அடுக்குமாடி இருக்கும் இடத்தில் ஆட்கள் அதிகம், அதனால் புகார்களும் அதிகம். ஆயிரம் பேருக்கு எத்தனை என்று மாற்றிப் பாருங்கள். 3,000 பேர் வசிக்கும் பகுதியில் ஆண்டுக்கு 60 புகார் என்றால் ஆயிரத்துக்கு 20. தனிவீடுகளாக இருக்கும் 800 பேர் பகுதியில் 24 புகார் என்றால் ஆயிரத்துக்கு 30. மேலோட்டமாகப் பார்த்தால் முதல் பகுதிதான் மோசம் என்று தோன்றும். பிறகு வகை பிரியுங்கள்: வீடு புகுந்து திருடுவதும் வாகனத் திருட்டும் அக்கம்பக்கத்தாரைப் பாதிக்கும், ஒரு வீட்டுக்குள் நடக்கும் தகராறு உங்கள் தெருவின் பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்லாது. பேருந்து நிலையம், வணிக வளாகம் ஆகியவற்றின் முகவரியில் பதிவாகும் திருட்டுகளையும் தனியே எடுத்துவிடுங்கள். ஒரே ஆண்டின் எண் ஏறி இறங்கும், குறைந்தது 3 ஆண்டுப் போக்கு வேண்டும்.

விலைக்கு ஜோடி ஒப்பீடு செய்யுங்கள். குடியிருப்பிலிருந்து 200 மீட்டருக்குள் விற்ற வீடு ஒன்று, அதே பள்ளி எல்லைக்குள் 600 மீட்டர் முதல் 1 கிலோமீட்டர் தள்ளி விற்ற வீடு ஒன்று. வயது வித்தியாசம் 5 ஆண்டுக்குள், பரப்பளவு வித்தியாசம் 10 சதவீதத்துக்குள், விற்பனை கடந்த ஒன்றரை ஆண்டுக்குள் இருக்க வேண்டும். குறைந்தது ஐந்து ஜோடி. சதுர அடி விலையோடு, விளம்பரம் செய்து எத்தனை நாளில் விற்றது என்பதையும் எழுதுங்கள். பிறகு ஐந்து ஆண்டுக்கு முந்தைய விற்பனைகளுக்கும் இதையே செய்யுங்கள். இடைவெளி அன்றும் 5 சதவீதம், இன்றும் 5 சதவீதம் என்றால் கவலையில்லை: குறைத்து வாங்குகிறீர்கள், குறைத்து விற்பீர்கள். 3 சதவீதம் 8 ஆகியிருந்தால் காரணம் தெரியாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

ஆய்வுகளைப் பொறுத்தவரை, அமெரிக்காவில் வரிச்சலுகை பெற்றுக் கட்டிய குறைந்த வாடகைக் குடியிருப்புகளை ரெபெக்கா டயமண்ட், டிம் மெக்குவேட் இருவரும் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். வருமானம் குறைந்த பகுதிகளில் கட்டியபோது சுற்றியுள்ள வீட்டு விலை சுமார் 6.5 சதவீதம் ஏறியது, குற்றமும் குறைந்தது. வருமானம் கூடிய பகுதிகளில் விலை சுமார் 2.5 சதவீதம் இறங்கியது. ஆக, எல்லா இடத்துக்கும் ஒரே பதில் கிடையாது. விளைவு மிக அருகில், அதாவது சுமார் 160 மீட்டருக்குள்தான் தெளிவாகத் தெரிந்தது. நீங்கள் சொல்லும் 150 மீட்டர் அந்த வட்டத்துக்குள் வருவதால் ஜோடி ஒப்பீட்டை ஒப்புக்குச் செய்யாமல் முழுதாகச் செய்யுங்கள்.

நிழல்மரம்

பள்ளி பற்றி மட்டும் சொல்கிறேன். சராசரி மதிப்பெண்ணை வைத்துப் பள்ளியைத் தள்ளிவிடாதீர்கள். சராசரி பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தையும் படிப்பையும்தான் காட்டும். உள்ளே வந்த பிள்ளை ஓராண்டில் எவ்வளவு முன்னேறுகிறது என்ற கணக்கு கிடைத்தால் அதைப் பாருங்கள். தலைமையாசிரியரிடம் மூன்று கேள்வி போதும்: ஒரு வகுப்பில் எத்தனை பேர், கடந்த இரண்டு ஆண்டில் எத்தனை ஆசிரியர்கள் மாறிப் போனார்கள், ஆண்டின் நடுவில் எத்தனை மாணவர்கள் வந்து போகிறார்கள். மூன்றாவது எண் அதிகமாக இருந்தால் ஆசிரியர் திரும்பத் திரும்பப் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து நடத்த வேண்டியிருக்கும், எல்லாப் பிள்ளைகளும் பின்தங்குவார்கள். வாடகைக்கு நிலையான ஒப்பந்தம் உள்ள குடியிருப்பில் குடும்பங்கள் நெடுநாள் தங்கும் என்பதால், அப்படிப்பட்ட வளாகம் பக்கத்தில் இருப்பது பள்ளிக்கு நல்லதாகவே அமையலாம்.

'வறுமை உள்ள இடத்தில் வளரும் பிள்ளை கெட்டுவிடும்' என்று யாராவது அமெரிக்க ஆய்வைக் காட்டினால், அது எதைப் பற்றியது என்று கேளுங்கள். 1990களில் ஐந்து நகரங்களில் நடந்த அந்தச் சோதனையில், வறுமை குவிந்த பகுதிகளிலிருந்து 13 வயதுக்கு முன் வெளியேறிய பிள்ளைகள் பெரியவர்களான பின் சுமார் 31 சதவீதம் கூடுதலாகச் சம்பாதித்ததாக பொருளாதார ஆய்வாளர் ராஜ் செட்டியின் குழு காட்டியது. அங்கே பேசப்பட்டது வட்டாரம் முழுக்கப் பரவிய வறுமை. தெருக்கோடியில் நிற்கும் ஒரு கட்டடத்துக்கு அதைப் பொருத்தக் கூடாது.

வாசல்படி

மூவருக்கும் நன்றி. புரோக்கரிடம் 'அந்தப் பக்கம் ஆட்கள் எப்படி' என்று கேட்டால் மழுப்புகிறார். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

அளவுகோல்

மழுப்புவதை வைத்து ஒன்றும் ஊகிக்காதீர்கள். பல நாடுகளில் அதற்குப் பதில் சொல்வதே சட்டச் சிக்கல். அமெரிக்காவில் 1968இன் நியாயமான வீட்டுவசதிச் சட்டப்படி இனம், மதம் போன்றவற்றைச் சொல்லி வாங்குபவரை ஒரு பகுதிக்குத் திருப்பிவிடக் கூடாது. அவரிடம் ஆதாரத்தோடு பதில் சொல்லக்கூடியதைக் கேளுங்கள்: இந்தத் தெருவில் கடைசியாக விற்ற வீடுகள் எவை, காலி மனைகளில் என்ன அனுமதி கிடைத்திருக்கிறது, குடியிருப்பின் வாடகைக் கட்டுப்பாடு (வாடகையைக் குறைவாகவே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை) எந்த ஆண்டோடு முடிகிறது.

செங்கல்

அந்தக் கடைசிக் கேள்வியை விடவே விடாதீர்கள். கட்டுப்பாடு முடிந்ததும் உரிமையாளர் சந்தை வாடகைக்கு மாற்றலாம், விற்கலாம், இடித்துவிட்டு உயரமாகவும் கட்டலாம். கடன் காலத்துக்குள் அந்தத் தேதி வந்தால், நீங்கள் இன்று பார்க்கும் தெரு அதன்பின் வேறாகிவிடலாம். காலி மனை விவரத்தைப் புரோக்கர் வாய்மொழியாகச் சொன்னால் போதாது, திட்ட அலுவலகத்தில் நகல் வாங்குங்கள். வளாகத்தின் வண்டி வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது என்பதையும் இரவு 9 மணிக்கு மேல் ஒருமுறை போய்ப் பாருங்கள். 200 வீட்டுக்கு 80 வண்டி நிறுத்தத்தான் இடம் என்றால், மீதி வண்டிகள் உங்கள் கேட்டுக்கு எதிரே நிற்கும்.