பேரே இல்லாத ஆட்டோகாக்கர் ஈ-ஃப்ரேம்: எதுன்னு கண்டுபிடிச்சதும் மாத்துனதும்

பெயிண்ட்பால் துப்பாக்கியத்தான் மார்க்கர்னு சொல்வாங்க, ஆட்டோகாக்கர் (சுருக்கமா காக்கர்), ஸ்பைடர் ரெண்டும் அதுல மாடல். ஈ-ஃப்ரேம்ங்கறது ட்ரிக்கரும் கிரிப்பும் இருக்கற எலக்ட்ரானிக் கைப்பிடி பாகம். என் கைக்கு வந்த ஃப்ரேம்ல லோகோ கிடையாது, சீரியல் நம்பர் கிடையாது, எழுத்துன்னு ஒண்ணுமே கிடையாது. நீல அனோடைஸ் (அலுமினியத்து மேல ஏத்தற கலர் படலம்), ரெண்டு விரல் ட்ரிக்கர், கிரிப்புக்குள்ள 9 வோல்ட் பேட்டரி வைக்க இடம், அவ்ளோதான். வித்தவருக்கே அது ஸ்பைடருக்கா ஆட்டோகாக்கருக்கான்னு தெரியல, பழைய மார்க்கர் சாமான் ஒரு பெட்டியோட சேர்ந்து வந்ததுன்னாரு. இந்த மாதிரி ஃப்ரேம் கிடைச்சா நிறைய பேர் வெளிய இருக்கற ஷேப்ப வச்சு தேட ஆரம்பிக்கறாங்க, அதுல ஒண்ணும் கிடைக்காது, ஏன்னா அந்தக் காலத்துல ஆளாளுக்கு வெளிப்புறத்த மில் பண்ணி (மெஷின்ல செதுக்கி) இஷ்டத்துக்கு மாத்தியிருக்காங்க. உள்ள இருக்கறதுதான் பேசும்.

நான் முதல்ல பண்ணது கிரிப் பேனல் ரெண்டையும் கழட்டி போர்டுல எத்தனை கனெக்டர் இருக்குன்னு பார்த்தது. இதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஸ்பைடர் மாதிரி ப்ளோபேக் மார்க்கர்ல சுடறப்ப வர்ற கேஸே (வாயு) ஹேமர, அதாவது வால்வ அடிக்கற சுத்தியல, பின்னாடி தள்ளி திரும்ப காக் பண்ணிடும், அடுத்த ஷாட்டுக்கு தயாராயிடும், அதனால எலக்ட்ரானிக்ஸுக்கு சியர (ஹேமர பிடிச்சு வைக்கற கொக்கி) தட்டி விடறது மட்டும்தான் வேலை, ஒரு சோலனாய்டு (கரண்ட் விட்டா அசையற மின்காந்தம்) போதும். ஆட்டோகாக்கர் அப்படி இல்ல. பட் ஓர் 1990 வாக்குல ஸ்னைப்பர் பம்ப் மார்க்கர்லேர்ந்து கொண்டு வந்த டிசைன் அது, முன்னாடி ஒரு ராம் (கேஸ் தள்ளற சின்ன பிஸ்டன்), ஒரு த்ரீ-வே (கேஸ் போற வழிய மாத்தற வால்வு), ஒரு லோ பிரஷர் ரெகுலேட்டர் (கேஸ் அழுத்தத்த குறைக்கறது), ட்ரிக்கர முழுசா இழுத்தா த்ரீ-வே மாறி ராம் பின்பக்க பிளாக்க பின்னாடி தள்ளி காக் பண்ணும். அதனால காக்கர எலக்ட்ரோ ஆக்கணும்னா சியருக்கு ஒரு சோலனாய்டு, முன்னாடி ராமுக்கு இன்னொண்ணுன்னு ரெண்டு வேணும். என் ஃப்ரேம்ல போர்டுல ரெண்டு கனெக்டர், ட்ரிக்கர் கார்டுக்கு மேல முன்பக்கமா வயர் போறதுக்குன்னே ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டைய பார்த்ததுமே காக்கர்னு தெரிஞ்சு போச்சு, பாடி மேல வச்சு ரெண்டு ஸ்க்ரூவும் சேர்ந்ததும் சந்தேகம் தீர்ந்துது.

அப்புறம் போர்டையும் சியர் சோலனாய்டையும் போட்டோ எடுத்து, மான்செஸ்டர் பிளானட் எக்லிப்ஸ் 2000களோட ஆரம்பத்துல விட்ட ஈ-பிளேடு, அதாவது காக்கர எலக்ட்ரோ ஆக்கற கிட்டோட போட்டோக்களுக்குப் பக்கத்துல வச்சு ஒவ்வொண்ணா ஒப்பிட்டேன். எலக்ட்ரானிக்ஸ் அப்படியே பொருந்துது, ஆனா வெளி அலுமினியம் பொருந்தல. ட்ரிக்கர் கார்டு வளைவு வேற, பின்பக்கம் வேற. போர்டு உக்கார்ற பாக்கெட்டுக்குள்ள எண்ட் மில் ஓடின வட்ட வட்டமான கோடு தெளிவா தெரியுது, அச்சுல வார்த்த காஸ்டிங் ஃப்ரேம்ல நடுவுல ஓடற மோல்டு கோடு எங்கயும் இல்ல, ஸ்க்ரூ ஓட்டையோட மரைக்குள்ள கூட நீலம் ஏறியிருக்கு. அதாவது கட்டி அலுமினியத்துலேர்ந்து மில் பண்ணி, மரை போட்டு, அதுக்கப்புறம்தான் அனோடைஸ் பண்ணியிருக்காங்க. ஏதோ ஒரு சின்ன மெஷின் ஷாப்ல தனியா ஷெல் செஞ்சு ஈ-பிளேடு உள்பொருள எடுத்து வச்சிருக்காங்கன்னுதான் நான் முடிவுக்கு வந்தேன். எனக்கு ஃபேக்டரி ஃப்ரேம விட இதுதான் பெருசு, யாரோ ஒருத்தர் ஆசப்பட்டு உக்காந்து செஞ்ச வேலை.

மாத்துற வேலைக்கு வந்தா, பேனல் முதல்ல. 45 ஃப்ரேம்னு சொல்றதெல்லாம் 1911 பிஸ்டல் பேனல் அளவுதான், ரெண்டு ஸ்க்ரூவுக்கும் நடுவுல 78 மில்லிமீட்டர் கிட்ட வரணும், ஸ்கேல் வச்சுப் பார்த்துட்டு வாங்குங்க. எனக்கு சரியா வந்துது. ஆனா மரப் பேனல் போட்டா முன்பக்கம் திறந்தே இருக்கும், பெயிண்ட் பந்து உடைஞ்சு வழிஞ்சா நேரா போர்டுக்குள்ள போயிடும், அதனால சுத்தி மூடற ரப்பர் ராப்-அரவுண்ட் டைப்தான் போட்டேன்.

கீழ ஏஎஸ்ஏ (கேஸ் டேங்க்க திருகி மாட்டற அடாப்டர்) மாட்டற ரெண்டு ஓட்டை பத்தி கண்டிப்பா சொல்லணும். அது 10-32ங்கற இஞ்ச் அளவு மரை, விட்டம் 4.83 மில்லிமீட்டர். நம்ம கைல ஈசியா கிடைக்கறது எம்5, அது 5 மில்லிமீட்டர், பிட்ச் (மரையோட இடைவெளி) கிட்டத்தட்ட ஒண்ணுதான், அதனால முதல் ரெண்டு சுத்து நல்லா ஏறும், அப்புறம் டைட்டாகும், அழுத்தி சுத்தினா அலுமினிய மரை சீவிக்கிட்டு வந்துடும். டேங்க்கோட மொத்த வெயிட்டும் அதுலதான் நிக்குது. இஞ்ச் ஸ்க்ரூ தேடி வாங்குங்க, ப்ளூ லாக்டைட் (ஸ்க்ரூ கழலாம பிடிக்கற பசை) ஒரு சொட்டு போதும்.

ட்ரிக்கர்லதான் எனக்கு ரொம்ப நேரம் போச்சு, அதுலதான் சுகமும். மைக்ரோசுவிட்ச், முன் ஸ்டாப் ஸ்க்ரூ, பின் ஸ்டாப் ஸ்க்ரூ. முதல்ல ரெண்டு ஸ்க்ரூவையும் தளர்த்தி, சுவிட்ச் எங்க க்ளிக் ஆகுதுன்னு காதால கேட்டு, அதுக்கு ஒரு மயிரிழை தாண்டி பின் ஸ்டாப்ப நிறுத்தி, கடைசியாதான் முன்பக்கம். ட்ரிக்கர் நகர்ற தூரத்த ரொம்ப சின்னதா வச்சா மார்க்கர் உதைக்கற அதிர்வுலயே சுவிட்ச் திரும்ப அமுங்கி தானா சுடும், அது ஃபீல்டுல ஆபத்து. சுவிட்ச் காண்டாக்ட் துள்ளறதால ஒரு இழுப்பு ரெண்டா எண்ணப்படறத தடுக்கத்தான் டிபவுன்ஸ் செட்டிங், அத கொஞ்சம் கூட்டியே வைங்க.

பேட்டரி விஷயத்துல மலிவு வேண்டாம். சியர் சோலனாய்டு ஒரு நொடியில கரண்ட நல்லா இழுக்கும், சாதா ஜிங்க் கார்பன் 9 வோல்ட் போட்டா வோல்டேஜ் படுத்துடும், க்ளிக்னு சத்தம் வரும், சியர் விழாது. நல்ல ஆல்கலைன் போட்டதும் அதே ஃப்ரேம் ஒழுங்கா வேலை செஞ்சுது. முன்னாடி யாரோ பேட்டரிய உள்ளயே விட்டு வச்சிருந்ததால கான்டாக்ட்ல பச்சை பூத்திருந்துது, வினிகர் தொட்ட இயர் பட்ஸ்ல துடைச்சு, தண்ணி தொட்டு எடுத்து, நல்லா காய வச்சப்புறம்தான் பேட்டரி போட்டேன்.

கலர் மாத்தலாமான்னு ரொம்ப நாள் யோசிச்சேன், மாத்தல. காஸ்டிக் சோடால பழைய அனோடைஸ உரிச்சா அலுமினியமும் சேர்ந்து கரையும், சியர தாங்கற ஊசி போற ஓட்டை ஒரு நூல் லூசானாலும் டைமிங் போச்சு. காஸ்டிங் ஃப்ரேம்னா இன்னும் மோசம், அதுல சிலிக்கான் ஜாஸ்தி, திட்டுத் திட்டா சாம்பல் கலர்லதான் வரும், அதுக்கு பவுடர் கோட்டிங்தான் சரி. என்னுது மில் பண்ணது, அனோடைஸ் நல்லாவே பிடிக்கும், இருந்தாலும் அந்த நீலம் செஞ்சவரோட நீலம், அப்படியே இருக்கட்டும்.

எந்த ஃப்ரேம் மாத்தினாலும் டேங்க்க கழட்டி, உள்ள கேஸ் இல்லன்னு பார்த்து, ஹாப்பர (பெயிண்ட் பந்து போடற டப்பா) எடுத்துட்டு, பேரல் (குழல்) வாய்க்கு கவர் மாட்டிட்டுதான் தொடுங்க. மாட்டி முடிச்சதும் முதல் வேலை க்ரோனோ, அதாவது பந்து போற வேகத்த அளக்கறது, அதிகபட்சம் செகண்டுக்கு 300 அடி, உள்ளரங்க ஃபீல்டுல அதவிட குறைவாவே கேப்பாங்க.

உங்க யார்கிட்டயாச்சும் பேரில்லாத காக்கர் ஈ-ஃப்ரேம் இருந்தா வெளிப்பக்க போட்டோ மட்டும் போடாதீங்க, பேனல கழட்டி போர்டு, சோலனாய்டு, முன் ஓட்டை மூணும் தெரியற மாதிரி போடுங்க. இதே ட்ரிக்கர் கார்டு வளைவோட இன்னொண்ணு எங்கயாவது இருந்தா ஒரே ஷாப்ல செஞ்சதான்னு சேர்ந்து பார்த்துடலாம்.