40 விநாடிக்கு ஒரு பீப்

குரூப்: காட்பாடி குடியாத்தம் சொந்தங்க

காலை 6:12

அம்மா: யார் வீட்லயாவது டைமர் இருக்கா? கார்த்தி ஓடறதுக்கு வேணுமாம். போலீஸ் செலக்‌ஷனுக்கு 26 நாள்தான் இருக்கு

விஜயா அத்தை: எங்க வீட்ல ஒண்ணு இருக்கு அண்ணி. ஃப்ரிட்ஜ்ல ஒட்டற மாதிரி. கேக் செய்ய வாங்கனது

பெரியப்பா: அது ஆவாது. ஒரு தடவ அடிச்சி நின்னுடும், திரும்ப அமுக்கணும். ஓடிகினே அமுக்கறதுக்கு 2 விநாடி போச்சின்னா 10 தடவைக்கு 20 விநாடி கணக்கு தப்பும். தானா திரும்பத் திரும்ப ஓடற டைமர் வேணும்.

உஷா: ஆட்டோ ரிபீட்

பெரியப்பா: அதேதாம்மா.

கார்த்தி: என் கேசியோ இருக்கே பெரியப்பா. எஃப்-91டபிள்யூ

பெரியப்பா: அதுல ஸ்டாப்வாட்ச்தான்டா, கவுண்ட்டவுன் கிடையாது. மணி பாக்க கைய தூக்கி தலைய குனிஞ்சாலே ஓட்டம் கெட்டுடும். காதுல விழணும்.

அம்மா: மாமனாரோட ஸ்டாப்வாட்ச்சும் ஒண்ணு இருந்துச்சி. எங்க போச்சோ

விஜயா அத்தை: தெரியாத மாதிரி கேக்காதீங்க அண்ணி. நைனா என் கையில குடுத்தது

உஷா: 🙈

பெரியப்பா: விஜி, அத இப்ப யாரும் கேக்கல. அது பீப்பும் அடிக்காது.

குடியாத்தம் மாமா: இன்னாத்துக்கு இவ்ளோ? தினம் 5 கிலோமீட்டர் ஓடுனா போதும். பாலாத்து மணல்ல ஓடச் சொல்லுங்க, கால் இறுகும்

கார்த்தி: மணல் எங்க மாமா இருக்கு

குடியாத்தம் மாமா: 😂😂

பெரியப்பா: மணல்ல வேகம் வராது, குதிகால் நரம்பு வேற பிடிச்சிக்கும். கார்த்தி, கணக்க நல்லா பாத்துக்கோ. 1500 மீட்டர் 7 நிமிஷத்துல முடிக்கணும். அப்டின்னா 100 மீட்டருக்கு 28 விநாடி. நீ மொத ரவுண்டு 400 மீட்டர 90 விநாடியில ஓடற. 112 விநாடி எடுத்துக்கலாம், நீ 22 விநாடி அவசரப்படற. அதான் மூணாவது ரவுண்டுல நெஞ்சடைக்குது, 7:40 ஆவுது. தம் இல்லாம இல்ல, மொதல்லயே செலவு பண்ணிடற. இப்ப நாம 6:40-க்கு பழகுவோம். 400 விநாடி. டைமர்ல 40 விநாடி மட்டும் வை, வேற எதுவும் வேணாம். ஒரு பீப்புக்கு 150 மீட்டர். 10 பீப், 1500 மீட்டர். முடிஞ்சிது.

கார்த்தி: சூப்பர் 👍

விஜயா அத்தை: வைகாசி 1 கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு எல்லாரும் குடியாத்தம் வரீங்கல்ல? ஆட்டுக்கறி எவ்ளோ சொல்லணும்

குடியாத்தம் மாமா: தலைய எண்ணி சொல்லுங்க. போன வருஷம் மாதிரி மீறிடப் போவுது

அம்மா: போன வருஷம் யாரால மீறிச்சின்னு எல்லாருக்கும் தெரியும்

பெரியப்பா: முழுசா சொல்லிடறேன். மொத வாரம்: 2 பீப் ஓட்டம், 3 பீப் நடை. 80 விநாடியில 300 மீட்டர், அப்புறம் 120 விநாடி நடக்கணும், உக்காரக்கூடாது. இப்டி 6 தடவ, சரியா 20 நிமிஷம். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 10 நிமிஷம் மெதுவா ஓடணும். ரெண்டாவது வாரம் நடைய 2 பீப்பா கொற, 8 தடவ. மூணாவது வாரம் 4 பீப் ஓட்டம் (600 மீட்டர்), 4 பீப் நடை, 4 தடவ. வாரத்துல திங்கள், புதன், சனி மட்டும். 150 மீட்டருக்கு அடையாளமா செங்கல் வெப்போம். பீப்புக்கு முன்னாடியே செங்கல்ல தாண்டிட்டா பெருமப்படாத, அது தப்பு, வேகத்த கொற. கடைசி ரெண்டு தடவையில 5 மீட்டருக்கு மேல பின்தங்கினா அன்னிக்கி நிறுத்திடு.

குடியாத்தம் மாமா: படிச்சிட்டு வரேன், டீ ஆறிடுச்சி

உஷா: டைமர் வாங்க வேணாம், ஃபோன்லயே இன்டர்வல் ஆப் போட்டுக்கலாம். ஆனா ஸ்க்ரீன் அணஞ்சா பேட்டரி சேவர் ஆப்ப தூங்க வெச்சிடும், நாலாவது பீப்போட நின்னுடும். செட்டிங்ஸ்ல அந்த ஆப்புக்கு பேட்டரி அன்ரெஸ்ட்ரிக்டட்னு மாத்தணும். மீடியா வால்யூம் ஏத்தணும், ரிங் வால்யூம் இல்ல. ஏரோப்ளேன் மோட் போடு, இல்லன்னா அம்மா கால் பண்ணி பீப்ப கெடுத்துடுவாங்க

அம்மா: நான் எப்ப பண்ணேன்

கார்த்தி: நேத்து 3 தடவ

உஷா: பேன்ட் பாக்கெட்ல போடாத, குலுங்கும். இடுப்பு பெல்ட் பை என்கிட்ட இருக்கு

பெரியப்பா: ஆப்ல 5 விநாடி கவுண்ட்டவுன் இருந்தா அத வை. மொத பீப்ல நிக்காம கெளம்பிடலாம்.

விஜயா அத்தை: கறி 8 கிலோ போதுமா

குடியாத்தம் மாமா: 150 மீட்டர் எப்டி அளக்கறது? பைக் மீட்டர்லயா

பெரியப்பா: பைக் மீட்டர் 100 மீட்டருக்கு ஒரு தடவதான் மாறும். ஃபோன் ஜிபிஎஸ்சும் இவ்ளோ சின்ன தூரத்துக்கு நம்பிக்கையில்ல. உங்க 30 மீட்டர் டேப்ப கொண்டாங்க. அஞ்சு இழுப்பு, ஒரு செங்கல். போய்த் திரும்பற மாதிரி வெச்சா ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு விநாடி போவும், வட்டமா 300 மீட்டர் வெக்கணும். எதிரெதிரா ரெண்டு செங்கல் போதும்.

குடியாத்தம் மாமா: டேப் தம்பி வீட்ல இருக்கு. கேட்டு சொல்றேன்

அம்மா: வேலூர் கோட்டை மைதானமா, இங்க காட்பாடியிலயா?

பெரியப்பா: எங்கன்னாலும் 5 மணிக்கே. இந்த வெயில்ல 7-க்கு மேல ஓடுனா அந்த 6:40 எவனுக்கும் வராது.

உஷா: கோட்டைல வாக்கிங் கூட்டம் இருக்குமே

பெரியப்பா: பாத்துக்கலாம். கடைசி வாரம் பீப்ப நிறுத்திட்டு ஓடணும். செலக்‌ஷன் அன்னிக்கி யாரும் பீப் போட மாட்டாங்க. அப்ப கோட்டுல நின்னு பாக்க ஸ்டாப்வாட்ச் ஒண்ணு வேணும்.

விஜயா அத்தை: நைனாவோடதுக்கு சாவி குடுத்து பாத்தேன். ஓடுது

அம்மா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

விஜயா அத்தை: என்ன எழுதி அழிச்சீங்க அண்ணி

கார்த்தி: திங்கக்கிழம 5 மணி. கோட்டையா காட்பாடியா சொல்லுங்க யாராவது

குடியாத்தம் மாமா: 8 கிலோ பத்தாது