மாகாளிக் கொடியும் மார்க்கரும்: சேர்வராயன் மலையில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கொடிவழி

ஏற்காட்டுப் பக்கம், கொட்டச்சேடுக்குக் கீழே, குப்பனூர் பாதைப் பக்கம் இருக்கிற பாறைச் சரிவில் நடந்தது. வனத்துறை அனுமதி, ஜிபிஎஸ், இலையை உலர்த்தும் சிலிக்கா ஜெல் போட்ட கவர் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஊறுகாய்க் கிழங்கு தரும் மாகாளிக் கொடியில், டிஎன்ஏ எடுக்க இளம் இலை பறித்துக்கொண்டிருந்தேன். காம்பை ஒடித்ததும் பால் விரலிடுக்கில் வழிந்து கவரின் வாயை மூட விடாமல் ஒட்டுகிறது, அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது மேலே இருந்து ஒரு பாட்டி கடப்பாரையோடு இறங்கி வந்தார். இந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள்தான், அந்தச் சரிவிலேயே வாழ்ந்தவர்.

"ஏன் கண்ணு, கெழங்க உட்டுட்டு எலையப் பறிக்கிற?"

இந்தக் கொடியும் அடுத்த சரிவுக் கொடியும் ஒன்றுக்கொன்று சொந்தமா என்று பார்க்கப் போகிறோம் பாட்டி என்றேன். உடனே புரிந்துகொண்டார். ஒரு பாறையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த பழைய குழியைக் கடப்பாரை முனையால் தொட்டுக் காட்டிக் கேட்டார்: "அப்ப, நாங்க தோண்டி எடுத்துட்டுப் போன கொடியெல்லாம் எத்தன வகையறான்னு உன் எலை சொல்லுமா?"

இருக்கிறதைத்தான் சொல்லும் பாட்டி என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊறுகாய்க்குக் கிழங்கு எடுப்பது என்றால் கொடியை வேரோடு எடுப்பது, அதைப் பாட்டியைவிடத் தெரிந்தவர் யார்? அந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. மார்க்கர் (செடிகளை ஒப்பிட உதவும் டிஎன்ஏ அடையாளம்) வேலைக்காகக் காட்டுக்குப் போன யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

ஜெல் பார்க்கிறவன்

எனக்கு நடந்தது காட்டில் இல்லை, லேபில். இதே மலையில் இருந்து வந்த பால் வடியும் கொடி ஒன்று. இலையை அரைத்து டிஎன்ஏவைச் சிடேப் முறையில் பிரித்தெடுத்து, ஆல்கஹால் ஊற்றிச் சுழற்றி, குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் அடியில் வெல்லப் பாகு மாதிரி பழுப்பாக, வழவழவென்று ஒரு உருண்டை. டிஎன்ஏ வெள்ளையாகத்தான் வர வேண்டும். அதை வைத்து பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் வினை) போட்டால், துண்டுகளை நீளப்படி பிரிக்கும் ஜெல்லில் லேடர் (நீளம் காட்டும் அளவுகோல்) மட்டும் பளிச்சென்று தெரிகிறது, மாதிரி ஊற்றின மற்ற கிணறெல்லாம் காலி.

கொடிவழி, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முற்றின இலையைத் தொடாதீர்கள், டிஎன்ஏவைக் கெடுக்கும் பீனால் எல்லாம் அதில்தான். அரைக்கும்போதே பீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி போடுங்கள், 2 சதவீதம். பழுப்பாவதைத் தடுக்கும் மெர்காப்டோஎத்தனாலை நாற்றத்துக்குப் பயந்து குறைக்காதீர்கள், புகைக்கூண்டுக்குள் வைத்து முழு அளவு ஊற்றுங்கள். 65 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் நடுநடுவே குழாயைக் கவிழ்த்துக் கவிழ்த்து விடுங்கள். குளோரோஃபார்ம் கலவையில் ஒரு தடவை கழுவினால் போதாது, நடுவில் வெள்ளைப் படலம் வருவது நிற்கும் வரை கழுவுங்கள். கடைசியில் ஆல்கஹால் ஊற்றும் முன் உப்பைக் கூட்டினால் கொழகொழப்பு கரைசலிலேயே தங்கிவிடும், டிஎன்ஏ மட்டும் இறங்கும். அப்புறமும் ஜெல்லில் பேண்ட் (டிஎன்ஏ கோடு) வரவில்லை என்றால் பிரைமரை (பிசிஆரைத் தொடங்கி வைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) திட்டாதீர்கள், டிஎன்ஏவைப் பத்து மடங்கு, ஐம்பது மடங்கு நீர்த்துப் போட்டுப் பாருங்கள், பிசிஆரைத் தடுக்கும் சரக்கும் சேர்ந்து நீர்க்கும். 1987இல் டாயில் தம்பதி எழுதிய முறைதான் அடிப்படை, ஆனால் நம் மலைச் செடிக்கு அதை அப்படியே செய்தால் ஓடாது.

சந்தனச்சரிவு

கொடிவழி பாட்டிக்குச் சொன்ன பதில் அரைப் பதில் என்பது என் கருத்து. போன கொடியின் பெயரைச் சொல்ல முடியாது, சரி. ஆனால் போனது எவ்வளவு என்பதற்கு மிச்சம் இருப்பதில் தடயம் உண்டு. செடிக் கூட்டம் திடீரென்று சுருங்கினால் முதலில் காணாமல் போவது அரிய அல்லீல்கள் (ஒரே மரபணு இடத்தின் வெவ்வேறு வடிவங்கள்). ஹெட்டரோசைகஸ் (இரண்டு வேறு அல்லீல் உள்ள) செடிகளின் அளவு அவ்வளவு வேகமாகக் குறையாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைத்தான் 1996இல் கோர்னுவேயும் லுய்கார்ட்டும் கணக்காக்கினார்கள். செடிக்குச் செடி நன்றாக மாறுபடும் (பாலிமார்ஃபிக்) எஸ்எஸ்ஆர், அதாவது சில எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் டிஎன்ஏ மார்க்கர், கை நிறைய வேண்டும், இரண்டு மூன்று லோக்கஸை (டிஎன்ஏவில் ஒரு மார்க்கரின் இடம்) வைத்துக்கொண்டு இதைப் பேசக் கூடாது.

என் கதை சந்தனம். அடிவாரத்தில் ஒருவருடைய பட்டா நிலத்து வேலி ஓரம், நெருக்கமாக நின்ற மரங்கள். "எல்லாம் குருவி போட்ட வெத தம்பி, தனித்தனி மரம்" என்றார் நிலத்துக்காரர், பெருமையாக. ஒவ்வொன்றிலும் இலை எடுத்தோம். கணினித் திரையில் ஒவ்வொரு லோக்கஸாகத் திறக்கிறேன், எந்த மரத்தைப் பார்த்தாலும் அதே இடத்தில் அதே இரண்டு மேடு (ஒரு மேடு ஒரு அல்லீல்). அடுத்த லோக்கஸ், அதுவும் அப்படியே. வேரிலிருந்து குருத்து விட்டுப் பெருகின ஒரே மரம்! சந்தனம் பெரும்பாலும் அயல் மகரந்தத்தை நம்புகிற மரம், அந்த வேலி ஓரம் தனக்குள்ளேயே எவ்வளவு பூத்தாலும் நல்ல விதை கிடைப்பது கஷ்டம். தோப்பு என்று எண்ணிக் காப்பாற்றிக்கொண்டிருந்த மனிதரிடம் போய் இது ஒற்றை மரம் என்று சொல்லும்போது அவர் முகம் போன போக்கு எனக்கு மறக்காது.

புதுவரிசை

இந்தக் காலத்தில் யார் எஸ்எஸ்ஆர் செய்கிறார்கள்? டிஎன்ஏவைத் துண்டு துண்டாக வாசிக்கும் முறைகளில் 2008இல் ராட் வந்துவிட்டது, 2011இல் ஜிபிஎஸ் வந்துவிட்டது (செயற்கைக்கோள் இல்லை, சீக்வென்சிங்). ஆயிரக்கணக்கில் ஸ்னிப் (ஓரெழுத்து மாற்றம்) கிடைக்கும்போது பத்து மைக்ரோசாட்டிலைட்டுக்காக (எஸ்எஸ்ஆரின் இன்னொரு பெயர்) பிரைமர் வடிவமைத்து, சோதித்து, பாதியைத் தூக்கிப் போட்டு... நேரம் வீண்.

ஜெல் பார்க்கிறவன்

புதுவரிசை, மேலே நான் சொன்ன பழுப்பு உருண்டையை ராட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். அதற்கு உடையாத, சுத்தமான டிஎன்ஏ வேண்டும். எஸ்எஸ்ஆருக்கு இருநூறு பேஸ் நீளத் துண்டு பிழைத்திருந்தாலே போதும். சீக்வென்சிங் செலவும் கணினியும் சேலத்தில் எல்லாரிடமும் இல்லை. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், நெருங்கிய இனத்துக்குச் செய்த பிரைமரைக் கடன் வாங்கிப் போடுபவர்கள் 'நல்' (null, ஜெல்லில் தெரியாத) அல்லீலைக் கவனிக்க வேண்டும். பிரைமர் ஒட்டுகிற இடத்தில் ஒரு எழுத்து மாறினால் அந்த அல்லீல் தெரியவே தெரியாது, ஹெட்டரோசைகஸ் செடி ஹோமோசைகஸ் (ஒரே அல்லீல் இரண்டு உள்ள) வேஷம் போடும், உட்கலப்பு (சொந்தத்துக்குள்ளேயே இனப்பெருக்கம்) அதிகம் என்று தப்பாக எழுதிவிடுவோம்.

நாகலூர் எஸ்டேட்

நான் ஆராய்ச்சிக்காரன் இல்லை, காப்பித் தோட்டத்தில் மேற்பார்வை. சேர்வராயனில் மட்டுமே வளரும் வெர்னோனியா மரம் என்று சொல்லி ஒரு குழு வந்து எங்கள் தோட்டத்தை ஒட்டிய சோலையில் மரங்களுக்கு அலுமினிய டேக் ஆணி அடித்தார்கள். காப்பி, சாப்பாடு எல்லாம் நாங்கள்தான். கொஞ்ச காலம் கழித்து நிழல் கழிக்க வந்த ஆட்கள் வெட்டிப் போட்ட விறகுக் கட்டில் அந்த டேக்கைப் பார்த்தேன், எண் அப்படியே இருக்கிறது, மரம் இல்லை. ஆட்களைக் கேட்டால் "அது என்ன மரம்னு எங்ககிட்ட யாரு சொன்னா?" என்கிறார்கள். நியாயம்தானே? அந்தக் குழுவுக்குப் போன் செய்தேன், பதில் இல்லை. என்ன கண்டுபிடித்தார்கள் என்றும் இன்றுவரை தெரியாது. எந்த மரத்தை வைத்தால் விதைக்கு நல்லது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தால் நானே சுண்ணாம்பு அடித்துக் காப்பாற்றியிருப்பேன்.

உலர்தாள்

நாகலூர் அண்ணா சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் சரி.

கொடிவழிக்கு ஒரு வழி சொல்கிறேன். கோவையில் மெட்ராஸ் ஹெர்பேரியம் (உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடம்) இருக்கிறது. பாட்டி தோண்டும் முன் பறித்த இலை அங்கே தாளில் ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. பழைய இலையில் டிஎன்ஏ துண்டு துண்டாகத்தான் கிடைக்கும், அதனால் குட்டையான எஸ்எஸ்ஆர் மார்க்கரும் குளோரோபிளாஸ்ட் (பச்சையம் இருக்கும் செல் உறுப்பு) மார்க்கரும்தான் கை கொடுக்கும். இலைத் துணுக்கு கிள்ளத் தனி அனுமதி வாங்க வேண்டும். வேறொரு செடிக்காக நான் இப்படி ஒரு பழைய தாளை விரித்தேன். இலை, பூ, மை எல்லாம் திடமாக இருக்கிறது, ஆனால் இடம் என்ற வரியில் "சேர்வராயன் மலை" என்பதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை. எந்தச் சரிவு, எந்த உயரம்? விரலால் அந்த வரியைத் தடவிக்கொண்டே வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கொடிவழி

எல்லாருக்கும் நன்றி. சந்தனச்சரிவு அண்ணா, ஒப்புக்கொள்ள ஒரு தடை: மாகாளி பல வருஷம் வாழும் கொடி, தலைமுறை மெதுவாக நகரும். வெட்டு சமீபத்தில் விழுந்திருந்தால் உங்கள் கணக்கில் இன்னும் தெரியாமல் போகலாம். அதனால் உலர்தாள் சொன்ன வழியையும் சேர்த்துச் செய்கிறேன், மாகாளித் தாளில் உயரமோ ஊரோ எழுதியிருப்பதை யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள். கோடை மழைக்குத் தளிர் விடும்போது மறுபடி அந்தச் சரிவுக்குப் போகிறேன். எந்தச் சரிவுக் கொடியை விதைக்கு விட வேண்டும் என்பதைத் தமிழில் ஒரு தாளாக எழுதி, ஒன்றைப் பாட்டி ஊருக்கும், ஒன்றை நாகலூர் அண்ணாவுக்கும் தருவேன்.