நீலம் மட்டும் வேண்டாங்க மச்சான்

குழு: தோட்டத்து வீட்டுச் சொந்தங்கள்

வெள்ளி, இரவு 8:05

குமார்: கொச்சி வாட்டர் பார்க் டிரிப்புக்கு எல்லாருக்கும் ஒரே மாதிரி டீ-சர்ட், ஸ்கை ப்ளூ, 12 பீஸ். நாளைக்குக் காலைல திருப்பூர் காதர்பேட்டைல துணி எடுத்துட்டா ஞாயித்துக்கிழமைக்குள்ள தச்சு வந்துரும். வேற கலர் வேணும்னா இப்பவே சொல்லிருங்க.

கார்த்தி: நீலம் மட்டும் வேண்டாங்க மச்சான்.

செல்வி: ஏன் தம்பி, போட்டோல நல்லாருக்குமே.

கார்த்தி: போட்டோல நல்லாருக்கும்க்கா, தண்ணிக்குள்ள தெரியாது. பூல் தரை முழுக்க வெளிர் நீலம். இளநீலம், வெள்ளை, சாம்பல் மூணு கலரும் ரெண்டடி தண்ணிக்குக் கீழ போனா தரையோட தரையாக் கரைஞ்சிரும். மேல அலை ஆடுச்சுன்னா லைப் கார்டு கண்ணுக்கே தட்டுப்படாது. கருப்பு தெரியும், ஆனா நிழலு, இலைனு நினைச்சிருவாங்க. நியான் ஆரஞ்சு எடுங்க. தரையில கூட்டத்துல தேடவும் அதான் சுலபம்.

குமார்: சரி மாப்ள, ஆரஞ்சே எடுத்தர்றேன். பாலி லைக்ரா (இழுபடற பாலியெஸ்டர்), கனம் 220 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 220 கிராம். அதுக்குக் கம்மியா எடுத்தா நனைஞ்சதும் உள்ள தெரியும், பொண்ணுங்களுக்குச் சங்கடம்.

பிரியா: மாமா, நிலவனுக்கு காட்டன் பனியனே போதுமில்லீங்களா? சின்னப் பையன்தானே.

குமார்: சின்னப் பையனுக்குத்தான் அது கூடவே கூடாது கண்ணு. மாய்ஸ்சர் ரீகெய்ன், அதாவது காத்துல இருந்தே துணி இழுத்து வெச்சுக்கற ஈரம், காட்டனுக்கு 8.5%, பாலியெஸ்டருக்கு 0.4%தான். முழுசா நனைஞ்ச காட்டன் பின்னல் துணி தன்னோட எடையைப் போல ரெண்டு மடங்குக்கு மேல தண்ணியப் பிடிச்சு வெச்சுக்கும். அத்தனை பாரமும் பையன் தோள்ல தொங்கும், காயவும் காயாது, சாயங்காலம் குளிர்ல நடுங்குவான். அதுபோக பஞ்சு உதிர்ந்து பூல் பில்டரை அடைக்கும். பார்க்ல காட்டன், ஜீன்ஸ், சேலை, சுடிதார் எதையும் தண்ணில விடமாட்டேங்கறதுக்குக் காரணம் இதெல்லாந்தான்.

குமார்: ஜிப், மெட்டல் பட்டன், கொக்கி வெச்ச டவுசரும் வேண்டாம். சறுக்கு பைபர் கண்ணாடில செஞ்சது. ஒரு கொக்கி கீறுனா அடுத்து வர்றவங்க முதுகுல கிழிக்கும். எலாஸ்டிக் வெச்ச நைலான் ஷார்ட்ஸ், பொண்ணுங்களுக்கு முட்டி வரைக்கும் லெக்கிங்ஸ் போதும். தையல் தட்டையா, பிளாட்லாக் போடச் சொல்றேன், அக்குள்ல உரசாது.

ரேவதி: அண்ணா சொன்னதோட இன்னொண்ணு. தாலிக்கொடி, மெட்டி, ஜிமிக்கி எதுவும் வேண்டாம். வேகமான சறுக்குல கொடி கழுத்துல இழுக்கும், அந்துபோனா தண்ணில தேட முடியாது. கொடியைக் கழட்டி வீட்டு பீரோல வெச்சுட்டு, தாலியை மஞ்சக் கயித்துல கோத்து டீ-சர்ட்டுக்கு உள்ள போட்டுக்குங்க. லாக்கர்ல நகை வைக்கற வேலையும் மிச்சம்.

தங்கராசு சித்தப்பா: நம்ம போறது பழைய வீகாலேண்டுதான சாமி? எனக்கு அந்தப் பேருதான் வருது.

செல்வி: அதேதாங்க சித்தப்பா. 2000ல வி-கார்டு கம்பெனி ஆரம்பிச்சவரு வீகாலேண்டுனு திறந்தது. இப்பப் பேரு வொண்டர்லா. இடம் அதே பள்ளிக்கரைதான்.

தங்கராசு சித்தப்பா: அப்படின்னா வழி சொல்லிர்றேன். திருப்பூர்ல இருந்து அவிநாசி, நீலாம்பூர், எல் அண்ட் டி பைபாஸ், வாளையார், பாலக்காடு, குதிரான் குகை, திருச்சூர், அங்கமாலி, ஆலுவா. அங்கிருந்து காக்கநாடு பக்கம் திரும்பணும். சுமார் 230 கிலோமீட்டர். செவ்வாக்கிழமை காலைல 4:30க்கு வண்டி எடுத்தா திருச்சூரை 8 மணிக்குள்ள தாண்டிறலாம். அதுக்கு மேல ஆச்சுன்னா பாலியேக்கரை டோல்ல இருந்து ஊர்ந்துதான் போகணும். டிராவலர் வேனுக்கு ஆல் இந்தியா பெர்மிட் இருக்கு. பாஸ்டேக்ல முந்தின நாளே பணம் போட்டு வெச்சர்றேன்.

தங்கராசு சித்தப்பா: நான் உள்ள வரலை. எனக்கு டிக்கெட் போட வேண்டாம். நைட்டு திரும்ப ஓட்டணும், பகல்ல 5 மணி நேரமாவது படுத்தாகணும். நிழல்ல வண்டிய நிறுத்திக்கறேன். நடுவுல நடுவுல போன் பண்ணி எழுப்பக் கூடாது.

செல்வி: கண்டிப்பாங்க சித்தப்பா. யாரும் கூப்பிடாதீங்க, அவசரம்னா எனக்கு அடிங்க.

வெள்ளி, இரவு 9:20

செல்வி: டிக்கெட் வயசுக்கு இல்ல, உயரத்துக்கு. 85 செ.மீ.க்குக் கீழன்னா இலவசம், 85ல இருந்து 140 வரைக்கும் குழந்தை டிக்கெட், மேல பெரியவங்க. எல்லாரும் நாளைக்குள்ள புள்ளைங்க உயரத்தை அளந்து போடுங்க. செருப்பில்லாம, குதிகால் சுவத்தை ஒட்டி, தலைமேல தடிப் புத்தகத்தைப் படுக்க வெச்சுக் கோடு போடுங்க. டேப்பைத் தலைமேல பிடிச்சு அளந்தா ரெண்டு செ.மீ. கூடக்குறைய காட்டும்.

செல்வி: எங்க வீட்ல கவின் 146, யாழினி 138.

கார்த்தி: மகிழ் 119.

பிரியா: நிலவன் 101. எடை 15 கிலோ.

செல்வி: அப்ப பெரியவங்க 8 (கவினும் சேத்து), குழந்தை 3, அம்மாவுக்கு மூத்த குடிமக்கள் டிக்கெட் 1. அம்மாவோட ஆதார் அசல் நான் எடுத்துக்கறேன். வாரநாள்ங்கறதால விலையும் கம்மி, கூட்டமும் கம்மி.

கார்த்தி: யாழினிகிட்ட இன்னிக்கே சொல்லிருங்கக்கா. பெரிய ரைடு நிறையத்துக்கு 140 கேப்பாங்க. ரெண்டு செ.மீ. தானேனு அங்க கெஞ்சக் கூடாது. தோள்ல பூட்டற கம்பி அந்த உயரத்துக்கு அளவெடுத்துச் செஞ்சது. குள்ளமா இருந்தா கம்பிக்கும் தோளுக்கும் நடுவுல சந்து விழும், தலைகீழாத் திரும்பறப்ப உடம்பு நழுவும். வரிசைல நின்னு கடைசில திருப்பி அனுப்புனா புள்ளை மனசு ஒடிஞ்சு போகும், முன்னாடியே தெரிஞ்சா வேற ரைடைத் தேடிக்குவா.

ரேவதி: அத்தைக்கு பிபி இருக்கறதால சுத்தற ரைடு, உயரமான ரைடு எதுவும் வேண்டாம். லேசி ரிவர் (மெதுவா ஓடற தண்ணில டியூப்ல மிதந்து போறது) போலாம், ஆனா டியூப்ல ஏறி இறங்கற இடத்துல முட்டி மடங்கும். ஒருத்தர் டியூபைப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் கையப் பிடிக்கணும். மாத்திரை காலைல வழக்கமான நேரத்துக்கே போட்டுக்கட்டும், வண்டில போறோம்னு தள்ளிப் போடக் கூடாது. எல்லாரும் பின்னாடி வார் வெச்ச ரப்பர் செருப்பு போடுங்க. ஈர டைல்ஸ்ல ஹவாய் வழுக்கும்.

ரேவதி: அன்னிக்கு பீரியட்ஸ் தேதி வர்றவங்க எனக்குத் தனியா மெசேஜ் போடுங்க, வழி இருக்கு.

சனி, காலை 7:40

பிரியா: கார்த்தி அண்ணா, நிலவனை வேவ் பூல்ல, அந்த அலை அடிக்கற குளத்துல எறக்கலாமா? கைல மாட்டற காத்துப் பை வாங்கி வெச்சிருக்கேன்.

கார்த்தி: எறக்கலாம். காத்துப் பை வேண்டாம் பிரியா, கைய மேல தூக்குனா உருவிக்கும், ஓட்டை விழுந்தாலும் தெரியாது. பார்க்ல லைப் ஜாக்கெட் வாங்கு, 15 கிலோவுக்கு எதுன்னு உள்பக்கம் எழுதியிருக்கும். போட்டுவிட்டு ரெண்டு தோள்பட்டைலயும் பிடிச்சு மேல தூக்கிப் பாரு. ஜாக்கெட் காதுவரைக்கும் ஏறுச்சுன்னா பெரிசு, மாத்திக்கோ. தொடைக்கு நடுவுல வர்ற வார் இருந்தா அதையும் மாட்டு.

கார்த்தி: வேவ் பூலைப் பத்தி கொஞ்சம் நீளமா எழுதறேன். எல்லாரும் படிங்க, சதீஷ் மாப்ளையும்.

கார்த்தி: ஆழமான பக்கத்துச் சுவத்துக்குப் பின்னாடி அறைகள் இருக்கும். பெரிய புளோயர் அதுக்குள்ள காத்தை அடிச்சு விட்டு விட்டு தண்ணியத் தள்ளும், அதான் அலை. அலை ஆழத்துல வெறுமனே மேல கீழ ஆடும். தரை மேடாகி இடுப்பளவு தண்ணி வர்ற இடத்துலதான் உடைஞ்சு விழும். பெரியவங்க "இடுப்பளவுதானே"னு நிக்கறது அங்கதான், கால் வாரற இடமும் அதான். முன்னால அடிச்ச தண்ணி திரும்பி ஆழத்துக்குப் போறப்ப தரையோட இழுக்கும். பெரியவங்களுக்கு இடுப்பு, நிலவனுக்கு அது மூக்குக்கு மேல.

கார்த்தி: அதனால நிலவனும் மகிழும் அவங்கவங்க முட்டியளவு தண்ணியத் தாண்டக் கூடாது. பெரியவங்க ஆழமான பக்கமா, புள்ளைக்கு ஒட்டி நிக்கணும். ரெண்டு பேர் முகமும் அலையைப் பாத்து இருக்கணும். விரலைப் பிடிக்காதீங்க, ஈரத்துல வழுக்கும். முழங்கைக்கு மேல பிடிங்க. தோள்மேல உக்கார வெக்கவே கூடாது. நீங்க விழுந்தா புள்ளை உங்க உயரத்துல இருந்து விழும்.

கார்த்தி: அலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி சைரனோ விசிலோ வரும். அப்பக் கரைல இருக்கற கூட்டம் மொத்தமும் ஓடி வரும், இடிச்சுத் தள்ளற நேரம் அது. அலை இல்லாதப்பவே எறங்கி, லைப் கார்டு நாற்காலிக்கு நேரா இடம் பிடிச்சுக்குங்க. ஓரச் சுவரும் ஏணியும் வேண்டாம், அலை தூக்கி அதுலதான் மோதும். டியூப் கூட்டம் இருக்கற பக்கமும் வேண்டாம், டியூபுக்கு அடியில போன புள்ளை மேல வர முடியாது, வெளிய இருக்கறவங்களுக்கும் தெரியாது. தொடர்ந்து நாலஞ்சு அலை முகத்துல அடிச்சு இருமுனா உடனே கரைக்குக் கூட்டிட்டு வந்துருங்க.

சதீஷ்: படிச்சுட்டேன் மச்சான். முங்குனா கத்துவாங்கல்ல, சத்தத்துல தெரிஞ்சிராதா?

கார்த்தி: கத்த மாட்டாங்க மாப்ள. மூச்சு வாங்கவே நேரம் பத்தாது, கத்தறதுக்குக் காத்து ஏது? தலை பின்னால சாஞ்சிருக்கும், வாய் தண்ணி மட்டத்துல போய்ப் போய் வரும், முடி கண்ணுமேல விழுந்திருக்கும், ரெண்டு கையும் பக்கவாட்டுல தண்ணிய அழுத்தும். ஏணில ஏறற மாதிரி இருக்கும், உடம்பு நகராது. பாக்கறவங்களுக்கு விளையாடற மாதிரியே தெரியும். 20ல இருந்து 60 செகண்டுக்குள்ள கீழ போயிரும். அதனால பாக்கற ஆள் பாத்துட்டே இருக்கணும். ஒரு புள்ளைக்கு ஒரு ஆள்னு பேர் சொல்லிப் பிரிச்சுக்கலாம். "எல்லாரும் பாத்துக்கறோம்"னா யாரும் பாக்கலைன்னு அர்த்தம்.

செல்வி: பிரிச்சாச்சு. நிலவன் - சதீஷ் மாப்ள. மகிழ் - கார்த்தி. யாழினி - நான். கவின் - அவங்கப்பா. பிரியாவும் ரேவதியும் ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா ஆள் மாத்திவிடணும். மாத்தறப்ப "இனி நான் பாக்கறேன்"னு வாயால சொல்லிட்டு மாத்துங்க.

ரேவதி: தண்ணி குடிச்ச புள்ளையைத் தலைகீழாப் பிடிச்சுச் சுத்தறது, வயித்தை அமுக்கறது ரெண்டும் நம்ம ஊர்ல இன்னும் பண்றாங்க. பண்ணவே கூடாது. வயித்துல இருக்கறது மேல வந்து மூச்சுக்குழல்ல போயிரும். லைப் கார்டைக் கூப்பிட்டு, 108க்கு அடிச்சு, மூச்சில்லைன்னா முதல்ல 5 தடவை வாயோட வாய் வெச்சு ஊதணும். அப்புறம் நெஞ்சு நடுவுல 30 அழுத்தம், 2 ஊதல், மாத்தி மாத்தி. இருமித் தெளிஞ்சுட்டாலும் அன்னிக்கு முழுக்கக் கவனிங்க. இருமல் நிக்காம இருந்தாலோ, மூச்சு வேகமா வாங்குனாலோ, வழக்கத்துக்கு மாறாத் தூங்கி வழிஞ்சாலோ ஆஸ்பத்திரிதான்.

சனி, மதியம் 1:15

குமார்: துணி எடுத்தாச்சு. ரெடி ஸ்டாக் நியான் ஆரஞ்சு இருந்துச்சு. பாலியெஸ்டர் சாயங்கறதால குளோரினுக்கு அவ்வளவா வெளுக்காது. ஆனா லைக்ராவை குளோரின் தின்னும், வந்ததும் நல்ல தண்ணில அலசிப் போடுங்க.

கவின்: மாமா, டியூப் இல்லாமச் சறுக்கற பாடி ஸ்லைடுல எப்படிப் போகணும்?

கார்த்தி: கால் முன்னால, மல்லாக்கப் படு. கணுக்கால் ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டுக்கோ, கை நெஞ்சுமேல குறுக்க. முழங்கைய வெளிய விட்டா சறுக்கு இணைப்புல உரசித் தோல் போயிரும். நடுவுல எந்திரிச்சு உக்காந்தா வேகம் குறையும், பின்னால வர்றவன் உன் முதுகுல இடிப்பான். ஆள் சைகை காட்டாமப் போகாதே. கீழ விழுந்ததும் பக்கத்துச் சறுக்கு வாய்க்கு முன்னால நடக்காம ஓரமா ஏறிரு.

செல்வி: சாப்பாடு உள்ள விடமாட்டாங்க. காலை இட்லி வண்டிலயே. மதியம் உள்ள வாங்கிக்கலாம். புரட்டாசிங்கறதால எல்லாருக்கும் சைவம். ராத்திரிக்கு புளிசாதமும் தயிர்சாதமும் நான் கட்டறேன். சாதத்தைக் குழைய வடிச்சு, ஆறுனப்புறம் காச்சின பால் ஊத்தி, தயிர் ரெண்டே கரண்டி விடுவேன். முழுக்கத் தயிர் ஊத்துனா வண்டிச் சூட்டுக்கு மதியமே புளிச்சிரும்.

கார்த்தி: சுத்தற ரைடெல்லாம் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சரலாம், துணியும் காஞ்சிருக்கும். ஆனா மதியத்துக்கு மேல இடி இடிச்சா தண்ணி ரைடை நிறுத்திருவாங்க. அதனால வானம் இருட்டிட்டு வந்தா வரிசைய மாத்தி வேவ் பூலுக்கு முதல்ல போயிரலாம்.

ரேவதி: திங்கக்கிழமையே தலைக்குச் சீயக்காய் போட்டுக் குளிச்சிருங்க. எண்ணெய்த் தலையோட எறங்கக் கூடாது. கண் எரியறது குளோரினால மட்டும் இல்ல, வேர்வையும் மூத்திரமும் குளோரினோட சேர்றதாலயும்தான். எறங்கறதுக்கு முன்னாடி சோப்பு போட்டு ஷவர், மணிக்கு ஒருக்கா பாத்ரூம். சன்ஸ்கிரீன் 20 நிமிஷத்துக்கு முன்ன பூசி, 2 மணி நேரத்துக்கு ஒருக்கா மறுபடி. கண்ணு செவந்திருந்தாலோ காதுல சீழ் வந்தாலோ அந்தப் புள்ளைக்குத் தண்ணி கிடையாது. ஓஆர்எஸ் 6 பாக்கெட் எடுத்துக்கறேன், தண்ணில நிக்கற புள்ளைக்குத் தாகம் தெரியாது.

குமார்: கட்டிங் போகுது. நிலவன் நெஞ்சளவு மட்டும் வரலை.

பிரியா: 22 இஞ்ச் மாமா. வளர்ற பையன், கொஞ்சம் லூசா 26 தச்சிருங்க.

கார்த்தி: லூசு வேண்டாம். தண்ணில துணி மேல ஏறி மூஞ்சிய மூடிக்கும்.

குமார்: ஆமா கண்ணு, லைக்ரா தானா இழுத்துக் குடுக்கும். 22க்கே வெட்டச் சொல்லிட்டேன். கையும் ஒட்டினாப்ல வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கொண்டு வந்து தர்றேன், போட்டுப் பாத்து கைய மேல தூக்கச் சொல்லு. தொப்புள் தெரியற வரைக்கும் ஏறலாம், அதுக்கு மேல ஏறுச்சுன்னா அன்னிக்கே மாத்தித் தச்சிரலாம்.