டீசல் எஞ்சின் 1897ல வந்தது, லொறிக்கு வர ஏன் இவ்வளவு காலம் எடுத்தது?

உவர்மலைப்பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் இங்க திருமலையில ஓட்டோமொபைல் படிக்கிறன். அனுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு கராஜில ரெண்டு டிரைவர்மாருக்குள்ள டீசல் எஞ்சினைப் பத்தி வாக்குவாதம், ஒருத்தர் சொல்றார் ருடோல்ஃப் டீசல் லொறிக்கெண்டுதான் அந்த எஞ்சினைக் கண்டுபிடிச்சவர் எண்டு, மற்றவர் சொல்றார் அந்த மனுசன் செத்துப் பத்து வருசத்துக்குப் பிறகுதான் டீசல் லொறியே ரோட்டுக்கு வந்தது எண்டு. வீட்ட வந்து தேடிப் பாத்தா ரெண்டாவது ஆள் சொன்னதுதான் சரி. ஜேர்மனியில ஆக்ஸ்பேர்க்கில எஞ்சின் சோதிச்சு வெற்றி 1897, டீசல் செத்தது 1913, முதல் டீசல் லொறிகள் 1923-24. பெற்றோல் கார் 1886லயே வந்திட்டுது. அப்ப இந்த 26 வருசமும் என்ன நடந்தது? காசுப் பிரச்சினையா, யுத்தமா, இல்லாட்டி எஞ்சினிலயே ஏதும் குறையா? எங்கட புத்தகத்தில "டீசல் கண்டுபிடித்தார்" எண்டு ஒரு வரியோட விசயம் முடிஞ்சுது. இன்னொண்டு, சீனக்குடாவில நிக்கிற அந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கிகள் டீசலுக்கெண்டா கட்டினது? தெரிஞ்ச அண்ணாமார் விளக்கமாச் சொல்லுங்கோ.

பம்பு_பாஸ்_பாலையூற்று:
தம்பி, யுத்தம் கொஞ்சம் இழுத்தடிச்சது உண்மை, ஆனா அடிப்படைப் பிரச்சினை ஒரே இடத்திலதான், எண்ணெயை சிலிண்டருக்குள்ள எப்பிடி அனுப்புறது. நான் இவ்வளவு காலமும் பம்பு, நொசில் (எண்ணெய் தூவிற முனை) வேலைதான் செய்யிறன், அதால இதை நான் பக்கச்சார்பாச் சொல்றன் எண்டு நினைச்சாலும் பரவாயில்லை, டீசல் லொறியின்ர சரித்திரம் எண்டது இன்ஜெக்‌ஷனின்ர சரித்திரம்தான்.

பெற்றோல் எஞ்சினில காத்தும் பெற்றோலும் வெளியிலயே காபரேட்டரில கலந்து உள்ள போகுது, பிளக் பத்த வைக்குது, லேசு. டீசலில உள்ள போறது வெறும் காத்து. அதை முப்பது, முப்பத்தஞ்சு அட்மொஸ்பியருக்கு அமத்தினா ஐந்நூறு அறுநூறு டிகிரிக்குச் சூடாகும். சரியா அந்த நேரம் பாத்து, அவ்வளவு அமுக்கத்துக்கும் எதிரா, ஒரு சொட்டுக்கும் குறைஞ்ச எண்ணெயைப் பனிப்புகார் மாதிரி தூவ வேணும். 1890களில அப்பிடி ஒரு பம்பு செய்ய ஒருத்தராலயும் ஏலாது. அதால டீசல் என்ன செஞ்சவரெண்டா, வேறயா ஒரு கொம்பிரசர் வச்சு அறுபது எழுபது அட்மொஸ்பியர் காத்தை போத்தலில அடைச்சு, அந்தக் காத்தால எண்ணெயை உள்ள ஊதித் தள்ளினவர். வேலை செஞ்சுது, நல்லாவே செஞ்சுது. 1897 பெப்ரவரி 17ல பேராசிரியர் மொறிட்ஸ் ஷ்ரோட்டர் அளந்து பாத்தபோது எண்ணெயில இருந்த சக்தியில 26.2 சதவீதம் வேலையா வந்துது, அந்தக் காலத்து ஸ்டீம் எஞ்சினில பத்து சதவீதம் வந்தாலே பெரிய காரியம். டீசல் மியூனிக்கில படிக்கேக்க அவருக்குப் படிப்பிச்சவர் ஐஸ் மெசின் செஞ்ச கார்ல் வொன் லிண்டே, ஸ்டீம் எஞ்சின் எவ்வளவு சூட்டை வீணாக்குது எண்டு அவர்ட வகுப்பில கேட்டதுதான் இந்த ஆளைப் பிடிச்ச பைத்தியம். 1893ல முதல் சோதனையில மேல இருந்த அமுக்கம் அளக்கிற கருவியே வெடிச்சுப் பறந்தது, அப்பிடியும் விடேல்ல.

ஆனா அந்த 1897 எஞ்சின் ஒரு சிலிண்டர், மூண்டு மீற்றர் உயரம், சுமார் 4.5 தொன் பாரம், தந்தது 20 குதிரைவலு. இப்ப கந்தளாயில இருந்து நெல் ஏத்திற சின்ன லொறி ஒண்டின்ர முழுச் சுமையே அதுக்குக் கிட்டத்தான் வரும். கப்பலுக்கும் ஃபக்டரிக்கும் கரண்ட் எடுக்கிற இடத்துக்கும் சரி, லொறிக்கு எங்க வைக்கிறது? ருடோல்ஃப் டீசல் 1908ல சுவிஸ்ல ஒரு சின்ன லொறி எஞ்சினும் செஞ்சு பாத்தவர், சரிவரேல்ல.

பூட்டைத் திறந்தது மன்ஹைம்ல பென்ஸ் கொம்பனியில இருந்த புறொஸ்பர் லோரான்ஷ். 1909ல அவர் எடுத்த பேட்டன்ற்றை நினைச்சா எனக்கு இப்பவும் சந்தோசம். சிலிண்டர் ஹெட்டில முன்னறை எண்டு சின்னதா ஒரு அறை வச்சார், எண்ணெயை நேரா சிலிண்டருக்குள்ள இல்லாம அந்த அறைக்குள்ள அடிக்கிறது, அங்க கொஞ்சம் எரிஞ்சு அந்த எரிஞ்ச அமுக்கமே மிச்ச எண்ணெயைத் துளையால சிலிண்டருக்குள்ள ஊதித் தள்ளும். கொம்பிரசர் செஞ்ச வேலையை நெருப்பே செய்யுது, கொம்பிரசரைக் கழட்டி எறியலாம். எண்ணெய் அடிக்கிற பம்புக்கும் அவ்வளவு பெரிய அமுக்கம் தேவையில்லை. இடையில 1914 யுத்தம் வந்து எல்லாம் பின்னுக்குப் போய், 1923ல பென்ஸ் அஞ்சு தொன் லொறியில நாலு சிலிண்டர், 50 குதிரைவலு, நிமிசத்துக்கு ஆயிரம் சுத்து ஓடிற எஞ்சினோட ரோட்டில இறக்கினது. அடுத்த வருசம் பெர்லின் கண்காட்சியில மான் (MAN) எண்ட ஜேர்மன் கொம்பனி வந்தது, அவங்கள் முன்னறையே இல்லாம நேரா சிலிண்டருக்குள்ள அடிக்கிற எஞ்சின் கொண்டுவந்தாங்கள். இண்டைக்கு எங்கட ரோட்டில ஓடிற லொறி எல்லாம் அநேகமா அந்த நேரடி முறைதான். ஆனா எங்கட நாட்டில ஓடின பழைய டாட்டா மெர்சிடிஸ் லொறிகளில இருந்தது லோரான்ஷின்ர முன்னறை, காலமை ஸ்டார்ட் பண்ணக்குள்ள ஹீட்டர் பிளக்கைச் சூடாக்க வச்சது அந்த அறைக்காகத்தான்.

சீனக்குடாத் தாங்கிகள் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின்ர பொயிலரில எரிக்கிற ஃபேர்னஸ் ஒயிலுக்குக் கட்டினது, லொறி டீசலுக்கில்லை.

கிண்ணியாக்கரை:
அஸ்ஸலாமு அலைக்கும். பாஸ் அண்ணே அருமையா எழுதியிருக்கிறீங்க, ஆனா ஒரு ஆள்ட பேரை விட்டுட்டீங்க, அது எனக்கு மனசு கேக்கேல்ல. ஹேர்பர்ட் அக்ரொய்ட் ஸ்டுவர்ட், இங்கிலாந்துக்காரர். டீசல் பேட்டன்ற் எடுக்கிறதுக்கு ரெண்டு வருசம் முந்தி, 1890லயே, காத்தால ஊதாம பம்பால எண்ணெயை அடிக்கிற எஞ்சினுக்கு அவர் பேட்டன்ற் எடுத்திட்டார். 1892ல இருந்து கிரந்தம் ஊரில ஹோர்ன்ஸ்பி கொம்பனி செஞ்சு வித்தது. ஒரு குறை, அதில அமுக்கம் காணாது, தானாப் பத்தாது, ஹெட்டில இருக்கிற குமிழை புளோ லாம்பு வச்சுச் சூடாக்கித்தான் ஸ்டார்ட் பண்ணோணும், பிறகு ஓடிற சூட்டில அது தானாப் பத்திக்கொண்டு போகும். மீன்பிடி போட்டுகளில உலகம் முழுக்க அந்தமாதிரி எஞ்சின்தான் கனகாலம் ஓடினது, எந்த மட்டமான எண்ணெயையும் குடிக்கும், கோளாறு குறைவு. என்ட கணக்கில அமுக்கத்தால பத்த வைக்கிறது டீசல்ட, பம்பால அடிக்கிறது அக்ரொய்ட் ஸ்டுவர்ட்ட, லொறி எஞ்சின் ரெண்டு பேருக்கும் சொந்தம்.

இன்னொருத்தர் ஜப்பான்ல யமாவோக்கா மகோக்கிச்சி, யன்மார் கொம்பனிக்காரர். 1932ல ஜேர்மனிக்கு லைப்சிக் கண்காட்சிக்குப் போய் டீசல் எஞ்சினைப் பாத்திட்டு, விவசாயி தூக்கி வைக்கிற அளவுக்கு சின்னதா ஒண்டு செய்யோணும் எண்டு பிடிவாதமா நிண்டு அடுத்த வருசமே செஞ்சு காட்டினவர். எங்கட வாப்பா வச்சிருந்த மூண்டரைத் தொன் போட்டில இருந்தது அந்தக் கொம்பனி எஞ்சின். நாங்க எல்லாரும் பெரிய லொறியையே பாத்துக்கொண்டிருக்கிறம், தம்பலகாமம் வயலில லேண்ட் மாஸ்டர் (ரெண்டு சில்லுக் கை உழவு மெசின்) ஓட்டிறவனுக்கு யமாவோக்காதான் முக்கியமான ஆள்.

உவர்மலைப்பெடியன்:
நானா, பாஸ் அண்ணே, ரெண்டு பேருக்கும் கோடி நன்றி. முன்னறை விசயம் இப்பதான் விளங்குது. அப்ப பொஷ் எங்க வருது? எல்லாப் பழைய பம்பிலயும் அந்தப் பேர்தானே அடிச்சிருக்கு.

பம்பு_பாஸ்_பாலையூற்று:
கிண்ணியாக்கரை சொன்னது நியாயம், அக்ரொய்ட் ஸ்டுவர்ட்டை விடக்கூடாது.

தம்பி, பொஷ் வந்தபிறகுதான் டீசல் லொறி எண்டது ஒரு வியாபாரமே ஆனது. அதுவரைக்கும் ஒவ்வொரு எஞ்சின் கொம்பனியும் தங்கட தங்கட பம்பைத் தாங்களே கையால இழைச்சுச் செஞ்சுகொண்டிருந்தாங்கள், ஒண்டு மாதிரி ஒண்டு இராது. றொபர்ட் பொஷ் கொம்பனி செஞ்சு வித்தது பெற்றோல் எஞ்சினுக்கு மக்னீற்றோ (ஸ்பார்க்குக்குக் கரண்ட் குடுக்கிறது), டீசலுக்கோ ஸ்பார்க்கே தேவையில்லை, அப்பிடியிருந்தும் 1922ல டீசல் பம்பு செய்யிறதெண்டு முடிவெடுத்து 1927ல தொகையாச் செஞ்சு விக்கத் தொடங்கினாங்கள். அது பெரிய துணிவு.

அது லைன் பம்பு, சிலிண்டர்களுக்கான பம்புகள் எல்லாம் ஒரே வரிசையில நிக்கும். அதின்ர உயிர் பிளஞ்சரும் (தள்ளுற தண்டு) பெரலும் (அந்தத் தண்டு ஓடிற குழல்). ஒரு சிலிண்டருக்கு ஒரு சோடி. கேம் (பிளஞ்சரைத் தள்ளிற சுத்துத் துண்டு) தூக்கிற அளவு எப்பவும் ஒண்டுதான், பிறகெப்பிடி அக்சிலேட்டர் மிதிக்க எண்ணெய் கூடுது? பிளஞ்சரின்ர பக்கத்தில சரிவா ஒரு காடி வெட்டியிருக்கு. நீ மிதிக்க றாக் (பல்லுச் சட்டம்) பிளஞ்சரைக் கொஞ்சம் திருப்பும், திரும்பினா அந்தச் சரிவுக் காடி பெரலில இருக்கிற துளைக்கு முந்தி வரும் இல்லாட்டிப் பிந்தி வரும், வந்த உடன அமுக்கம் வழிஞ்சு எண்ணெய் நிண்டிடும். அவ்வளவுதான். ஒரு சரிவு வெட்டு, அதில முழு லொறியின்ர வேகமும் இருக்கு. ரெண்டுக்கும் இடைவெளி சில மைக்ரோன்தான், எங்கட தலைமயிர் ஒண்டின்ர தடிப்பில இருபதில ஒரு பங்கு எண்டு வை. நான் பெடியளுக்கு முதல்ல காட்டிறது இதைத்தான், சுத்தமான டீசலில கழுவி (துணியால துடைக்கக்கூடாது, நூல் ஒட்டும்), பிளஞ்சரைக் கொஞ்சம் வெளியில இழுத்துச் சரிச்சுப் பிடிச்சு விட்டா தன்ர பாரத்திலயே மெல்ல மெல்ல உள்ள இறங்க வேணும். டக்கெண்டு விழுந்தா தேஞ்சிட்டுது, இடையில நிண்டா ஊத்தை. ஒரு சோடியின்ர பிளஞ்சரை இன்னொரு பெரலுக்குப் போடவே கூடாது, ஒண்டுக்கொண்டு இழைச்சுச் செஞ்சது. இதைத் தொகையாச் செய்யலாமெண்டு 1920களில நிரூபிச்சாங்களே, அதுதான் எனக்குப் பெரிய விசயம்.

ஹபரணை_ரோட்டு_லொறி:
ஜேர்மனி ஜப்பான் எல்லாம் சொல்லிட்டீங்கள், நான் லொறி ஓட்டிறவன், எனக்கு கிளெஸி கம்மின்ஸைப் பத்திச் சொல்லாம இருக்கேலாது. அமெரிக்காவில இண்டியானாவில ஒரு பேங்க்காரக் குடும்பத்துக்கு கார் ஓட்டின டிரைவர், எட்டாம் வகுப்போட படிப்பு முடிஞ்ச மனுசன். அந்த முதலாளி டபிள்யூ. ஜி. எர்வின் காசு போட்டு 1919ல கம்மின்ஸ் கொம்பனி தொடங்கினாங்கள், கனகாலம் நட்டம். 1929 கிறிஸ்மஸுக்கு ஒரு பெக்கார்ட் காரில டீசல் எஞ்சினைப் பூட்டி முதலாளியை ஏத்திக்கொண்டு போய்க் காட்டினார், பிறகுதான் திரும்பவும் காசு வந்தது. 1931ல இண்டியானாபொலிஸ் 500 மைல் ரேஸில அவர்ட டீசல் கார் ஒருக்காக் கூட நிப்பாட்டாம முழுத் தூரமும் ஓடி பதின்மூண்டாவதா வந்தது. வெண்டது பெரிசில்லை, எண்ணெய்க்குக் கூட நிக்கேல்ல எண்டதுதான் லொறிக்காரன் பாக்கிற விசயம்.

அதே வருசம் கலிபோர்னியாவில கஹோன் கணவாய் இறக்கத்தில அவர் போன டீசல் லொறிக்கு பிரேக் பிடிக்காமப் போய், கீழ ரயில் கடவையில ரயில் வந்துகொண்டிருக்க மயிரிழையில தப்பினவர். அந்தப் பயத்தை மனசில வச்சிருந்து, கொம்பனியை விட்டுப் போனபிறகும் யோசிச்சு யோசிச்சு எஞ்சினாலயே லொறியைப் பிடிக்கிற வழி கண்டுபிடிச்சார். பிஸ்டன் காத்தை அமத்தி மேல வந்த உடன எக்ஸோஸ்ட் வால்வை (புகை வெளியேறுற வாசல்) திறந்து விட்டா, அமத்தின காத்து வெளியில போயிடும், பிஸ்டனைத் திருப்பித் தள்ளாது, அவ்வளவு வேலையும் லொறியின்ர ஓட்டத்தில இருந்து கழியும். 1961ல ஜேக்கப்ஸ் கொம்பனி விக்கத் தொடங்கினது, அதுதான் ஜேக் பிரேக். எங்கட சின்ன லொறிகளில இருக்கிற எக்ஸோஸ்ட் பிரேக் வேற, அது சைலன்சர்ப் பைப்பை அடைக்கிறது. கண்டியில இருந்து சுமையோட மாத்தளைக்கு இறங்கிறவனுக்குத் தெரியும் இந்த மாதிரி ஒரு யோசனையின்ர பெறுமதி.

டர்போவையும் (எக்ஸோஸ்ட் புகையால சுத்தி எஞ்சினுக்குள்ள கூடக் காத்தைத் தள்ளுறது) சேருங்கோ. சுவிஸ்காரர் அல்ஃப்ரெட் பூஹி 1905லயே பேட்டன்ற் எடுத்தவர், லொறிக்கு வந்தது 1938ல சௌரர் கொம்பனியால, வொல்வோ 1954ல. டர்போ இல்லாத பழைய லொறியில மா மூட்டை ஏத்திக்கொண்டு நாலந்தா ஏத்தத்தில செக்கன்ட் கியரில ஊர்ந்தவன் நான், அதே ஏத்தத்தில டர்போ லொறி மூண்டில இழுத்துக்கொண்டு போகக்குள்ள அந்த பூஹிக்கு எங்கயாவது சிலை இருக்கோ எண்டு நினைப்பன்.

உவர்மலைப்பெடியன்:
ஜேக் பிரேக் கதை எங்கட வகுப்பில ஒருத்தருக்கும் தெரியாது அண்ணே, நாளைக்கே சொல்றன். கடைசியா ஒண்டு, இப்ப வாற கொமன் ரெயிலும் இந்தப் பழைய பம்பில இருந்து வந்ததா, புதுசா?

பம்பு_பாஸ்_பாலையூற்று:
யோசனை வேற தம்பி. லைன் பம்பு ஒவ்வொரு முறையும் அமுக்கத்தைப் புதுசா உண்டாக்கும், எஞ்சின் மெல்ல ஓடினா அமுக்கமும் குறைவு. கொமன் ரெயிலில அமுக்கம் எப்பவும் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில தயாரா நிக்கும், கரண்ட் வால்வு திறக்கிற நேரம்தான் அளவு, அதால ஒரு அடியை ரெண்டா மூண்டாப் பிரிச்சும் அடிக்கலாம், அந்தப் பழைய டீசல் தட்டுச் சத்தம் குறைஞ்சது அதாலதான். லொறியில முதல் வந்தது ஜப்பான்ல, 1995ல ஹினோ ரேஞ்சரில, டென்சோ செஞ்சது. ஆனா அதிலயும் பிளஞ்சர், பெரல், நொசில் ஊசி எல்லாம் இருக்கு, இடைவெளி இன்னும் நுணுக்கம், அதால தண்ணி கலந்த டீசல் அடிச்சா பழைய பம்பு கொஞ்சமாவது தாங்கும், இது தாங்காது. செடிமென்டரில (டீசலில இருந்து தண்ணியைப் பிரிக்கிற கிண்ணம்) தண்ணியை ஒழுங்கா இறக்கிவிடச் சொல்லி உங்கட மாஸ்டர்மாருக்கும் சொல்லு.

ஆறு சிலிண்டர் லைன் பம்பு ஒண்டு பக்கத்தால வெட்டித் திறந்து வச்சிருக்கிறன், றாக்கை அசைச்சா பிளஞ்சர் திரும்பிறது கண்ணுக்கு முன்னால தெரியும். வகுப்புப் பெடியளையும் கூட்டிக்கொண்டு கிழமை நாளில பின்னேரம் வா, ஞாயிறு பூட்டு.